பம்புக்குத் தனி ஆயில்

பன்னிரண்டாயிரத்து நானூற்று எழுபது ரூபாய். திண்டிவனத்தில் டீசல் பம்புக் கடை வைத்திருக்கும் ஜெசிந்தாவுக்குச் சின்னதுரை தர வேண்டிய பாக்கி அது. அந்தப் பாக்கி விழுந்த நாளிலிருந்து எட்டு மாசமாக அவன் திண்டிவனம் ஊருக்குள் லாரியைத் திருப்பியதில்லை. மேம்பாலத்திலேயே ஏறி, தலையைக் குனிந்துகொண்டு, நேரே மெட்ராசுக்குப் போய்விடுவான். அவன் குனிந்தால் போதுமா? பச்சை மூஞ்சியும் மஞ்சள் பட்டையுமாக அவ்வளவு பெரிய லாரி, ஊரே பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தது.

கோலியனூர்க்காரன் சின்னதுரைக்குச் சொத்து என்று சொல்ல அந்த லாரி ஒன்றுதான். இருபது வருசத்து வண்டி. போன தை மாசம் டீசல் பம்பின் உடம்பு விரிசல் விட்டுவிட்டது. புதுசு போட்டால் நாற்பதாயிரத்துக்குக் குறையாது என்றார்கள். ஜெசிந்தாதான் புதுச்சேரி பழைய இரும்புக் கடைகளில் ரெண்டு நாள் அலைந்து, வேறொரு வண்டியின் பழைய பம்பு உடம்பைத் தேடி எடுத்து வந்து, உள்சாமானை மாற்றிப் பூட்டி, இருபதாயிரத்து நானூற்று எழுபதில் வேலையை முடித்தாள். சின்னதுரை எட்டாயிரம் கொடுத்தான். மீதிக்கு அவள் பில் எழுதி நாலாக மடித்துக் கொடுத்தாள்.

"பத்திரமா வச்சிக்குங்கண்ணே. பிரிச்சிப் படிங்க."

சின்னதுரை பிரிக்கவில்லை. ஸ்டியரிங்குக்கு மேலே மாட்டியிருந்த மயிலம் முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தான். கடன் சீட்டை அங்கே வைத்தால் முருகன் பார்த்துக்கொள்வான் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை. தினமும் காலையில் படத்துக்கு முன்னால் கற்பூரம் காட்டும்போது பில்லுக்கும் சேர்த்துத்தான் காட்டினான். தொகை மனப்பாடம். பிறகு எதற்குப் பிரித்துப் பார்த்து வயிறு எரிய வேண்டும்?

புரட்டாசியில் விழுப்புரம் மார்க்கெட் கமிட்டியிலிருந்து மல்லாட்டை என்கிற வேர்க்கடலை லோடு கிடைத்தது. மெட்ராசுக்கு அந்தாண்டை ஒரு எண்ணெய் மில்லுக்குப் போக வேண்டும். ஏஜெண்டு பெரியதம்பி கறாரான ஆள்.

"மூணு லோடு பாக்கறேன். சொன்ன நேரத்துக்குப் போய் நின்னா பொங்க வரைக்கும் நடை உனக்கு. ஒரு லோடு லேட்டானாலும் வேற வண்டி பாத்துக்குவேன். அப்பறம் எங்கிட்ட வந்து பேஜாரு பண்ணாத."

ரெண்டு லோடு சரியாகப் போய்ச் சேர்ந்தது. மூன்றாவது லோடு மறுநாள் காலை ஆறு மணிக்கு மில் வாசலில் நிற்க வேண்டும். காலை ஒன்பதுக்கு மூட்டை ஏற்றிப் புறப்பட்டவனுக்கு, விக்கிரவாண்டி டோலுக்கு வருமுன்பே வண்டி சண்டித்தனம் பண்ணியது. நின்ற இடத்தில் எஞ்சின் ஒரு சீராக ஓடவில்லை. ஏறும், இறங்கும், ஆஸ்துமாக்காரன் மாதிரி மூச்சு வாங்கும். பம்பு பக்கமிருந்து டக்கு டக்கு என்று ஒரு சத்தம்.

டோலுக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் திருமுருகனிடம் விட்டான். போன வாரம்தான் அவன் எஞ்சின் ஆயில் மாற்றிக் கொடுத்திருந்தான்.

"பம்புக்குத் தனியா ஆயில் மாத்தணுமா திருமுருகா?" என்று கேட்டான் சின்னதுரை.

"இந்த மாடலுக்கு எதுக்குணா? எஞ்சின் ஆயிலே பம்புக்குள்ள போய்ட்டு வருது. இங்க மாத்துனா அங்கயும் மாத்துன மாதிரிதான்."

"அதான் நானும் நெனச்சேன். பம்பு சைடுல ஒரு போல்ட்டு கீதுல்ல, மாசா மாசம் லேசா தளத்திப் பாப்பேன். ஆயிலு நெறஞ்சி வழியும். ஒரு சொட்டு கொறஞ்சதில்ல."

"பாத்தீங்களா? எஞ்சின்லருந்து வர்றதாலதான் நெறஞ்சி கீது. கோளாறு ஆயில்ல இல்லணா. அந்தம்மா உள்ள போட்ட சாமான்ல கீது."

சின்னதுரைக்கு இந்தப் பேச்சு வயிற்றில் மோர் வார்த்த மாதிரி இருந்தது. வேலை சரியில்லை என்றால் பாக்கி எதற்குத் தர வேண்டும்? எட்டு மாசத்துக்குப் பிறகு முதல் தடவையாக மேம்பாலத்தில் ஏறாமல், லோடோடு திண்டிவனத்துக்குள் லாரியைத் திருப்பினான். என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

ஜெசிந்தா கடை வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயசு. சுடிதாருக்கு மேலே ஆம்பிளைக் காக்கிச் சட்டை. புதுச்சேரியில் ஒரு பம்புக் கம்பெனியில் கூட்டிப் பெருக்கப் போனவள், பெருக்கிக்கொண்டே வேலையைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு வந்தவள். அது அவளே சொல்லிக்கொள்ளும் கதைதான், அதில் அவளுக்கு வெட்கம் கிடையாது.

"வாங்கண்ணே. பாலத்து மேல போவும்போதெல்லாம் உங்க வண்டி சத்தம் கேக்கும். ஒரு மாசமா சத்தம் சரியில்ல. வருவீங்கன்னு பாத்துக்கினே இருந்தேன்."

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு அங்கேயே பாதி செத்துப்போனது. இருந்தாலும் விடவில்லை.

"சத்தம் நீ செஞ்ச வேலையாலதாம்மா. உள்ள போட்டது சரியில்லன்னு விக்கிரவாண்டியில சொல்லிட்டாங்க. இதுக்கு நான் பாக்கி வேற தரணுமா?"

"பாக்கியை அப்பறம் பேசலாம். மொதல்ல ஸ்டார்ட் பண்ணுங்க."

எஞ்சின் ஓடியது. அவள் கையில் ஸ்பேனர் எடுக்கவில்லை. உள்ளங்கையைப் பம்பின் மேல் வைத்துக்கொண்டு, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது மாதிரி கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். எஞ்சினை நிறுத்தச் சொன்னாள். பக்கத்துப் போல்ட்டைத் தளர்த்தினாள். அவன் சொன்ன மாதிரியே நிறைந்து வழிந்தது. ரெண்டு விரலில் தொட்டுத் தேய்த்தாள், மோந்து பார்த்தாள். ஒரு சொட்டை எடுத்துப் பழைய செய்தித்தாளில் வைத்தாள். நடுவில் கறுப்பாகச் சின்னப் பொட்டு. அதைச் சுற்றி ஈரம் வட்டமாகப் பரவிக்கொண்டே போனது.

"நல்ல ஆயிலா இருந்தா இந்தப் பொட்டோட நின்னுடும். வெளிய ஓடுது பாருங்க, அது டீசலு. இது ஆயிலே இல்லண்ணே. டீசலு ஆயில் வேஷம் கட்டிக்கினு உள்ள உக்காந்துகினு கீது."

"எஞ்சின் ஆயில்தான உள்ள போவுது?"

"உங்க பழைய பம்புக்குப் போச்சு. விக்கிரவாண்டிக்காரர் சொன்னது அதுக்குச் சரிதான். நான் போட்டது வேற வண்டி உடம்பு. அதுல எஞ்சின் ஆயில் வர்ற ஓட்டையே கெடயாது. அந்த பைப்பை நான் அடச்சிட்டேன். இதுக்குத் தனியா ஊத்தணும், தனியா மாத்தணும். மேலருந்து டீசல் கசிஞ்சி இறங்கும். அதான் ஒரு சொட்டும் கொறயல, ஏறிக்கினே இருந்திருக்குது." அவள் நிமிர்ந்தாள். "எல்லாம் பில்லுல எழுதிக் குடுத்தனே. பில்லு எங்க?"

சின்னதுரை கேபினில் ஏறி, அவள் பார்க்க முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்து கொடுத்தான். மடிப்பு கலையவில்லை. மேலே எட்டு மாசத்துக் கற்பூரப் புகை படிந்து கருத்திருந்தது. அவள் அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"நீங்களே படிங்க."

பிரித்தான். மேலே தொகை. அதற்குக் கீழே சிவப்பு மையில், கோடு போட்டு: எஞ்சின் ஆயில் பம்புக்குப் போகாது. ஆறாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை பம்பு ஆயில் தனியாக மாற்றவும். ஆயில் ஏறினால் உடனே வரவும்.

சின்னதுரை மூன்று தடவை படித்தான். கடனைப் பார்க்கப் பயந்து மடித்தே வைத்ததில் வண்டியின் உயிரும் சேர்ந்து மடிந்து கிடந்திருக்கிறது.

"முருகன் படிச்சிருப்பாரு," என்றாள் ஜெசிந்தா. "அவரு எப்படிண்ணே எறங்கி வந்து போல்ட்டைக் கழட்டுவாரு?"

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. "மூணாவது லோடும்மா இது. காலையில ஆறு மணிக்கு நிக்கலன்னா நடை போச்சு. பம்பு போயிடிச்சா?"

"பாத்தாதான் தெரியும்."

பம்பின் பக்க மூடியைக் கழற்றினாள். சட்டைப் பையிலிருந்து, பல் டாக்டர் வாயில் விட்டுப் பார்ப்பாரே, அந்தக் குட்டிக் கண்ணாடியை எடுத்தாள். டார்ச்சைப் பல்லால் கடித்துக்கொண்டு, கண்ணாடியை உள்ளே விட்டு, சின்னதுரையைக் கையால் எஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றச் சொல்லி, உள்ளே சுழலும் தண்டின் ஒவ்வொரு மேடாகப் பார்த்தாள். ஒரு மணி நேரம் ஆனது. மல்லாட்டை மூட்டைகளின் மேல் வெயில் ஏறியது. சின்னதுரை தண்ணிகூடக் குடிக்கவில்லை. எவ்வளவோ மெக்கானிக்கைப் பார்த்திருக்கிறான். தெரியாததை அடித்துப் பார்ப்பான், அதற்கும் தெரியாவிட்டால் மாத்தணும் என்பான். இப்படி ஒரு இரும்பிடம் பொறுமையாகக் கேள்வி கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்கிற ஆளை அவன் பார்த்ததில்லை.

டார்ச்சை வாயிலிருந்து எடுத்தாள். "தேய ஆரம்பிச்சிருக்குது. இன்னும் புண்ணாவல. இன்னும் ரெண்டு நடை போயிருந்தா தூக்கிப் போட்டிருக்கணும்."

அவன் அப்படியே டயரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன். டீசலைத் தள்ளுற எலிமெண்ட்டு ஆறு கீது, அதுல நாலாவது ரொம்பக் கசியுது. அது நான் போட்ட பழைய சாமான். தாங்கும்னு நெனச்சேன், தாங்கல. அது என் தப்பு. லோடு எறக்கிட்டுத் திரும்பி வாங்க, புதுசு போடறேன். அதுக்குக் காசு வேணாம்."

அவள் சொல்லியிராவிட்டால் அவனுக்குத் தெரிந்தே இருக்காது. எல்லாத் தப்பையும் அவன் தலையிலேயே கட்டியிருக்கலாம். சிவப்பு மையில் சாட்சி வேறு இருந்தது.

அடி போல்ட்டைக் கழற்றி அழுக்கை இறக்கினாள். புது ஆயில் கொஞ்சம் விட்டுக் கழுவி, அதையும் இறக்கி, மறுபடி ஊற்றினாள். பக்கத்துப் போல்ட்டு ஓட்டை வழியாகச் சுத்தமான ஆயில் எட்டிப் பார்த்ததும் நிறுத்தினாள். வண்டி ஸ்டார்ட் ஆனது. முதலில் ரெண்டு தடவை தடுமாறியது. பிறகு ஒரே சீராக, உரலில் மாவு ஆட்டுகிற மாதிரி ஓடியது.

"பாக்கி?" என்றான் சின்னதுரை. அவனே கேட்டான்.

"பாக்கி பாக்கிதான். அதைத் தள்ளுனா என் கடையைத் தள்ளிக்கினு போவ வேண்டியதுதான். ஜல்தி கெளம்புங்க."

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே லாரி மில் வாசலில் நின்றது. பெரியதம்பி போனில் "சரி, பொங்க வரைக்கும் உனக்குத்தான்" என்றதோடு சரி. திரும்புகையில் நாலாவது எலிமெண்ட்டு மாறியது. அதற்குப் பிறகு சின்னதுரை மேம்பாலத்தில் ஏறுவதில்லை. வாடகை கைக்கு வரும்போதெல்லாம் ஊருக்குள் இறங்கி நாலாயிரம் கொடுப்பான். இறங்கும்போதெல்லாம் அவள் பக்கத்துப் போல்ட்டைத் தளர்த்தி, விரலில் தேய்த்து மோந்து பார்ப்பாள். பில்லில் கணக்கு எழுதுவாள்.

மார்கழிக் கடைசியில் மீதி நானூற்று எழுபதை எண்ணி வைத்தான். ஜெசிந்தா பில்லின் மேல் பாதியில் குறுக்காகக் கோடு இழுத்து, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டாள்.

சின்னதுரை அதை மடிக்காமல் வாங்கிக்கொண்டு, கோட்டுக்குக் கீழே கவனமாகக் கிழித்தான். தொகை இருந்த துண்டை அவளிடமே கொடுத்தான். அவள் அதில் கையைத் துடைத்து, பழைய ஆயில் டப்பாவில் போட்டாள். சிவப்பு மைத் துண்டை அவன் கேபினுக்குள் எடுத்துப் போய், முருகன் படத்துக்கு முன்னால், கண்ணாடிச் சட்டத்தில் செருகினான்.