களையெடுத்த கை

அச்சகத்தில் பிழை திருத்துகிற மனிதருக்கு வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. கல்யாணப் பத்திரிகை வந்தால் யாருக்குக் கல்யாணம் என்று பார்ப்பதற்குள் எத்தனை தப்பு என்று எண்ணி முடித்துவிடுவார். மருந்துச் சீட்டைக்கூடச் சிவப்புப் பேனாவால் திருத்திவிட்டுத்தான் மருந்து வாங்கப் போவார். இருபத்தாறு வருடம் அவரோடு குடித்தனம் நடத்திய மனைவிக்கு இதெல்லாம் பழகிப்போயிருந்தது.

மனைவிக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலை. எப்பேர்ப்பட்ட நரம்பையும் ஒரே குத்தில் பிடித்துவிடுவாள். அந்த அக்கா வந்தால்தான் கையை நீட்டுவேன் என்று அடம்பிடித்து உட்கார்ந்திருக்கிறவர்கள் உண்டு. அப்படிப்பட்ட கைராசிக்காரிக்குச் சொந்த வீட்டுத் தோட்டத்தில் மூன்று வருடமாக ஒரு பூ பூக்கவில்லை.

அவள் ஆசைப்பட்டது ஒரு காட்டுப்பூவுக்கு. குளிர் முழுசாக விடுவதற்கு முன்பே, மரமெல்லாம் மொட்டையாக நிற்கும்போதே, தரையோடு தரையாக நீல நிறத்தில் பூக்கும். ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் வருடா வருடம் தானாகவே வரும். ஆனால் அவசரக்காரர்களுக்கு லாயக்கில்லாத செடி. முதல் வருடம் இரண்டு இலை, அடுத்த வருடம் நாலு இலை, மூன்றாவது வருடம்தான் பூ. அவளும் ஒவ்வொரு வருடமும் குளிருக்கு முன்னால் ஜன்னலடிப் பாத்தியில் விதைத்துப் பார்த்தாள். குளிர் குறைந்ததும் போய்ப் பார்த்தால், பாத்தி கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி சுத்தமாக இருக்கும்.

இருக்காதா பின்னே? அவள் விடியற்காலை டியூட்டிக்குக் கிளம்பியதும் ஐயா பாத்தியில் குந்திவிடுவாரே. விதை உறையில் போட்டிருந்த நீலப்பூ அப்படியே மண்ணைப் பிளந்துகொண்டு வரப்போகிறது என்பது அவர் நினைப்பு. நடுவில் தலைகாட்டிய பொடி இலையெல்லாம் களை, மனைவியின் பூவுக்கு இடைஞ்சல். இரண்டு இலை, நாலு இலை என்று அவள் விளக்கியபோது அவர் காது வீட்டில் இல்லை. பிடுங்கியதை மண்ணும் வேருமாகப் பின்சுவர் ஓரத்துக் குப்பையில் வீசினார். ஊரிலிருக்கிற தப்பையெல்லாம் வாய் ஓயாமல் சொல்கிறவர், செய்த உதவியைச் சொல்லிக்காட்டக் கூடாது என்று இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பெருந்தன்மையாக இருந்துவிட்டார்.

இந்த வருடம் அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று.

"எனக்கு மண்ணுல கைராசி இல்லைங்க. ஞாயித்துக்கிழமை கொத்தனார் வரார். பாத்திய சிமெண்ட் போட்டு மூடிடலாம்" என்றாள். சொல்லும்போது தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை, பாத்தி ஓரத்துச் செங்கல்லைக் கொண்டுபோய்ப் போடப் பின்சுவருக்குப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். குப்பை கொட்டுவது அவருடைய இலாகா. குளிர் தொடங்கியதிலிருந்து கூடையைத் தூரத்திலிருந்தே கவிழ்த்துவிட்டு ஓடிவந்துகொண்டிருந்தார். இப்போது சருகுக்கும் காய்கறித் தோலுக்கும் நடுவே முப்பது நாற்பது பூக்கள். உறையிலிருந்த அதே நீலம். தான் பிடுங்கி வீசியது களையில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் காலமெல்லாம் அடுத்தவன் தப்பைச் சுழித்த மனிதருக்குத் தன் தப்பைச் சொல்ல நாக்கு எழவில்லை. சொல்லாமல் விட்டால் அவள் ஆயுசுக்கும் தன் கையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பாள். அதுவும் தாங்கவில்லை. கடைசியில் குறுக்குவழியைப் பிடித்தார். அவள் வருவதற்குள் இருபது செடிகளை மண்ணோடு பெயர்த்துக் கொண்டுவந்து ஜன்னலடியில் நட்டு, தண்ணீரும் விட்டு, கையைக் கழுவிக்கொண்டு செய்தித்தாளோடு உட்கார்ந்தார்.

மத்தியானம் வந்தவள் பாத்தியைப் பார்த்துவிட்டுப் பையைக் கீழே போட்டாள். குனிந்து ஒரு பூவைத் தொட்டாள். இவருக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி. அவள் மெதுவாக நிமிர்ந்தாள்.

"என்னங்க, காட்டுப்பூ எங்கயாவது வரிசை கட்டிப் பூக்குமா?"

அப்போதுதான் அவரும் பார்த்தார். நாலு வரி, வரிக்கு ஐந்து பூ, இடைவெளி எல்லாம் ஒரே அளவு. அச்சுக்குப் போகத் தயாரான பக்கம் மாதிரி இருந்தது. பாவி மனுஷனுக்குச் செடியைக் கோணலாக நடத் தெரிந்தால்தானே!

"நான்தான்" என்றார். "மூணு வருஷமா நான்தான் பிடுங்கினேன். களைன்னு நெனச்சேன். உன் கைமேல ஒரு தப்பும் இல்ல."

அவள் பின்சுவருக்குப் போய்ப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றவளுக்குக் கண் கலங்கியது. என் கையை நானே கரித்துக் கொட்டினேனே, கேட்டுக்கொண்டுதானே இருந்தீர்கள் என்று அரைமணி நேரம் பிடிபிடியென்று பிடித்தாள். பிறகு இன்னொரு தடவை அந்த நாலு வரியைப் பார்த்தாள், சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வந்த கொத்தனார் ஜன்னலடிப் பாத்தியைச் சிமெண்ட் போட்டு மூடிவிட்டுப் போனார். அதற்கு முன்பே அவள் இருபது செடிகளையும் எடுத்துப் பின்சுவர் ஓரத்தில் கன்னாபின்னாவென்று நட்டிருந்தாள். குப்பைக்கு வேறு மூலை பார்த்தாயிற்று, அவளுடைய நாற்காலியும் அங்கே குடிபோயிற்று. அவர் அங்கே வரலாம், ஆனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் வர வேண்டும் என்பது உத்தரவு.

மறுநாள் காலை அப்படி நின்றவர் கண்ணில், பூக்களுக்கு நடுவே ஒரு முள்செடி பட்டது. யார் பார்த்தாலும் களை. அவருக்கு விரல் துடித்தது.

"இது களைதானே?"

அவள் டீ டம்ளரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"மூணு வருஷம் கழிச்சுக் கேளுங்க."

அவர் கையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.