வெயிலுக்குக் கண் பழகிய பதினொரு வருஷம்

இருட்டறையிலிருந்து வெயிலுக்கு வருகிறவர்களுக்குக் கண் பழகப் பத்துப் பதினைந்து நொடி போதும். பெரியபட்டினம் மீரா சாகிபின் தங்கை குல்சுமுக்குப் பதினொரு வருஷம் பிடித்தது. 1949 சித்திரையில் ஒரு வியாழக்கிழமை நண்பகலில் கடற்கரைக்கு வந்து நின்றவள், எதிரே இருந்ததை ஒழுங்காகப் பார்த்து முடித்தது 1960 சித்திரையில்தான். அதற்கிடையில் நாடு குடியரசானது, இரண்டு பொதுத்தேர்தல் வந்துபோனது, அணா ஒழிந்து நயா பைசா வந்தது. இதையெல்லாம் அவள் வீட்டுக்குள் இருந்தபடி கேட்டுத் தெரிந்துகொண்டாள். வெயிலில் இறங்கினால் அவளுக்குத் தெரிந்தது அந்த ஒரு நண்பகல் மட்டுமே.

அவளைக் கரைக்கு வரச் சொன்னது அவள் கணவன் சீனி முகம்மது. தாய் தகப்பன் இல்லாதவர் என்பதால் கல்யாணம் முடிந்ததும் மீரா சாகிபின் வீட்டிலேயே உள்ளறையை ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. பகலிலும் விளக்கு எரியும். பதினான்கு மாதம் அங்கே இருந்துவிட்டுக் கொழும்புக் கடைக்குத் திரும்பக் கிளம்பியவர், குல்சுமையும் கூட வரச் சொன்னார். உம்மா படுக்கையில் கிடக்கும்போது வர முடியாது என்றாள் அவள். மூன்று நாள் சண்டை நடந்தது. தோணி புறப்படுவதற்கு முந்தின நாள் அவர் சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நாளைக்குப் பாய் ஏத்துறப்ப கரைக்கு வந்து நில்லு. ஒன்னயப் பார்த்தேன்னா ஆறு மாசத்துல திரும்பி வாரேன். பார்க்கலைன்னா அங்கனயே இருந்துக்கிறேன்."

அந்த வீட்டுப் பெண்கள் கடற்கரைக்குப் போவதில்லை. கடலுக்குப் போகிறவர்களைப் பின்வாசலில் நின்று அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஆகவே அது வேண்டுமென்றே வைத்த பரீட்சை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். குல்சும் மறுநாள் நண்பகல் தொழுகைக்கான லுஹர் பாங்குக்கு முன்னால், அண்ணன் மனைவி ஹமீதா பானு அடுப்படியில் இருந்த நேரம் பார்த்து, வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு காலாகப் போர்த்திக்கொண்டு முடுக்கு வழியே ஓடினாள். சந்து முடிந்த இடத்தில் மணல் தொடங்கியது. அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. எதிரே இருந்தது எல்லாம் வெள்ளை. கண்ணை இடுக்கினாள், திறந்தாள், மறுபடி இடுக்கினாள். ஆண்கள் கத்துவதும் கயிறு இழுபடுவதும் காதில் விழுந்தன. இந்தா தெளிந்துவிடும், இந்தா தெளிந்துவிடும் என்று நின்றாள். கன்னத்தில் நீர் வழிந்து காய்ந்தது. வலை உலர்த்திக்கொண்டிருந்த பஞ்சம்மாள் பக்கத்தில் வந்து, தோணி எதிரே இருக்கிற தீவைத் தாண்டி அரை நாழிகை ஆகிவிட்டது, வீட்டுக்குப் போ தாயி என்று சொல்லிக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டாள். வீட்டுக்குள் வந்ததும் எல்லாம் வழக்கம்போலத் தெரிந்தது.

இரண்டு மாதம் கழித்துக் கொழும்பிலிருந்து மீரா சாகிபுக்குக் கடிதம் வந்தது. குல்சும் வரவில்லை, தன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், இனி தன்னை எதிர்பார்க்க வேண்டாம் என்று சீனி முகம்மது எழுதியிருந்தார். நான் வந்து நின்றேன் என்று குல்சும் பதில் எழுதச் சொன்னாள். அதற்கு வந்த மறுபதில் ஒரே வரி: கரை முழுக்க நன்றாகத் தேடிப் பார்த்தேன், நீ இல்லை. அதற்குப் பிறகு கடிதம் வரவில்லை.

அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் குல்சும் பதினொரு வருஷம் அலைந்தாள். வெள்ளை மணலில் வெள்ளைத் துப்பட்டி போர்த்தி உச்சிவெயிலில் நின்றவளைத் தோணியிலிருந்து பார்த்தால் தெரியாதுதான். அவர் நிஜமாகவே தேடியிருந்தால் குற்றம் வெயிலுடையது, துப்பட்டியுடையது. அப்படியானால் எத்தனை வருஷம் ஆனாலும் அவள் அவருக்குக் காத்திருக்க வேண்டும், கொழும்புக்கே போய்க் காலில் விழவும் வேண்டும். தேடவே இல்லை என்றால் அவருக்கும் அவளுக்கும் பேச்சே இல்லை. ஜமாஅத்தில் சொல்லி மணவிலக்கு வாங்கிவிடலாம். இரண்டில் எது என்பது அந்த வெள்ளைக்குள் இருந்தது. அவள் அங்கேதான் நின்றாள், திறந்த கண்ணோடு. கண்ணுக்குள் வந்தது எங்கேயும் போய்விடாது என்று அவள் நினைத்தாள். அது சரியாகவும் இருந்தது.

தினமும் நண்பகலில் கரைக்குப் போய் நின்றாள். முதலில் மீரா சாகிபு கதவைப் பூட்டினார். அவள் சாப்பிடாமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். ஒரே இடத்தில் கால் நிற்காது, தொட்ட பாத்திரத்தைக் கழுவி முடிக்க மாட்டாள், இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தால் நடுவில் எழுந்து போய்விடுவாள். இருபது நாளில் அண்ணன் பூட்டை எடுத்துவிட்டார். கரையில் முதல் வருஷம் முழுக்க வெள்ளைதான். 1951இல் வெள்ளைக்கு நடுவே ஒரு நீளக் கோடு போலப் பழுப்பு தட்டியது. கடலும் வானமும் பிரிகிறது என்று அவள் வீட்டில் சொன்னாள். 1953இல் அன்றைய தோணியின் பாய்மரம் தெரிந்தது. ஐப்பசி, கார்த்திகை மூட்டத்தில் ஒன்றும் முன்னேறாது. மேகம் மூடினால் அவளுக்கு இன்றைய கரை எல்லோரையும் போல நன்றாகவே தெரியும், அதனாலேயே மேகத்தைக் கண்டால் எரிச்சல்படுவாள். வெயில் திரும்பியதும் வெள்ளையும் பாய்மரமும் விட்ட இடத்திலிருந்து தொடரும். 1955இல் பாயில் போட்ட ஒட்டு எண்ண முடிந்தது: நான்கு. தோணிக்காரர் ஒருவர் அதைக் கேள்விப்பட்டு, 1949இல் அந்தப் பாயில் நான்கு ஒட்டுத்தான் இருந்தது என்று பள்ளிவாசல் வாசலில் சொன்னார். அதன் பிறகு ஊரில் யாரும் அவளைப் பைத்தியம் என்று சொல்லவில்லை. உப்பு என்ன விலை, மழை உண்டா என்று கேட்பதைப் போல, தோணி எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்பார்கள். ஹமீதா பானுவுக்கு மட்டும் வாய் சும்மா இருக்காது. "ஊருல எல்லாரும் மச்சானைக் கட்டுவாக. இவ தோணியக் கட்டிக்கிட்டா. அதும் இன்னும் நகரல," என்பாள். குல்சும் சிரிக்கவும் மாட்டாள், கோபப்படவும் மாட்டாள். "நகரும், மச்சி," என்று மட்டும் சொல்வாள்.

1956 சந்தனக்கூடு விழாவுக்கு ராமநாதபுரத்திலிருந்து மூக்குக்கண்ணாடி விற்க வந்த சதக் என்பவரை மீரா சாகிபு வீட்டுக்கே கூட்டிவந்தார். சதக் அவளை முற்றத்து வெயிலில் நிறுத்தி, ஒரு பூதக்கண்ணாடியை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். கண்மணிக்கு நடுவில் இருக்கிற கறுப்பு ஒரு வாசல் என்றும், வெளிச்சம் கூடினால் அது தானாகச் சுருங்கிக்கொள்ளும் என்றும், அப்புறம் உள்ளே இருக்கிற திரையும் வெளிச்சத்துக்குத் தக்கபடி தன்னைத் தணித்துக்கொள்ளும் என்றும், இரண்டும் சேர்ந்தால்தான் கூச்சம் போய் உருவம் தெரியும் என்றும் அண்ணனுக்கு விளக்கினார். குல்சுமுக்கு அந்த வாசல் இன்னும் விளக்கு எரிகிற அறைக்குள் இருப்பதுபோல அகலமாகவே திறந்து கிடந்தது. வருஷத்துக்கு ஒரு எள்ளு முனை அளவு சாத்துகிறது, கணக்குப்படி இன்னும் நான்கு வருஷம் ஆகும் என்றார். அதுவரைக்கும் கூசாமல் இருக்கக் கறுப்புக் கண்ணாடி ஒன்றைக் கொடுத்தார். அவள் அதைப் போட்டுக்கொண்டு கரைக்குப் போனாள். கூச்சம் நின்றது. ஆனால் பாயில் இருந்த ஒட்டுகள் மறைந்து, தோணி இரண்டு வருஷம் பின்னால் போய்விட்டது. பதறிப்போய்க் கண்ணாடியைக் கழற்றி மணலில் எறிந்தாள். இழந்ததைத் திரும்பப் பிடிக்க ஒரு கோடை முழுவதும் ஆனது.

1958இல் ஆட்கள் தெரிந்தார்கள். முதலில் கறுப்பாக, அப்புறம் நிறத்தோடு. ஏழு பேர். பாய் நிழலை விட்டு வெளியே வந்து நிற்கிற சிவப்புத் தொப்பி சீனி முகம்மது. அவர் முகம் கரைப் பக்கம் திரும்பியிருந்தது. இதைச் சொன்ன அன்று குல்சும் முதன்முறையாக வயிறாரச் சாப்பிட்டாள். திரும்பிப் பார்த்திருக்கிறார், அது போதும் என்று ஹமீதா பானுகூட மனமிளகிச் சொன்னாள். போதாது என்று குல்சுமுக்குத் தெரியும். பார்க்கிறாரா, எவ்வளவு நேரம் பார்க்கிறார் என்பது இனிமேல்தான். மறு வருஷம் அந்த நண்பகல் அசையத் தொடங்கியது. தோணிக்கு மேலே ஆலா என்கிற கடற்பறவை ஒன்று சிறகை உயர்த்தி நின்றது. அந்தச் சிறகு கீழே இறங்குவதை வைத்து அவள் நேரத்தை அளந்தாள்.

1960 தையில் சீனி முகம்மதின் வலது கை இடுப்பிலிருந்து எழும்பியது. நெற்றிக்கு வர இரண்டு மாதம் ஆனது. கை பாதி வழியில் இருந்தபோது கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. நடந்ததை மறந்துவிட்டதாகவும், அவளை மன்னித்துவிட்டதாகவும், சித்திரை முதல் வாரம் வந்து அழைத்துப்போவதாகவும், பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்து வைக்கும்படியும் எழுதியிருந்தார். மீரா சாகிபு வீட்டுக்கு வெள்ளையடித்தார். குல்சுமுக்கு இப்போது வயது முப்பது. உம்மா மௌத்தாகி, மண்ணுக்குப் போய் ஆறு வருஷம். போக மாட்டேன் என்று சொல்ல அவளுக்குக் காரணம் ஒன்றும் கையில் இல்லை, போகிறேன் என்று சொல்லவும் இல்லை. காலையில் பெட்டியில் துணியை எடுத்து வைப்பாள், சாயங்காலம் எடுத்துக் கொடியில் போடுவாள். நண்பகலில் பாங்கு சொல்வதற்கு முன்பே கரைக்கு ஓடிவிடுவாள்.

பங்குனி பன்னிரண்டாம் தேதி கை நெற்றியில் போய் நின்றது. கண்ணுக்கு நிழல் கட்டிக்கொண்டு அவர் கரையைப் பார்த்தார். அந்தக் கண் சுருங்கியிருந்தது, பாய் நிழலிலிருந்து வந்தவருக்கு அவளைப் போலவே கூசியது. பொறுங்க மச்சான், இந்தா தெளிஞ்சிடும் என்று குல்சும் வாய்விட்டுச் சொன்னதைப் பஞ்சம்மாள் கேட்டிருக்கிறாள். மறுநாளும் கை அங்கேயே இருந்தது. அதற்கடுத்த நாளும். சித்திரை ஒன்றாம் தேதி கை இறங்கத் தொடங்கியிருந்தது. ஆலா தன் சிறகைப் பாதிகூட இறக்கவில்லை. மூன்றாம் தேதி அவர் தலை பக்கவாட்டில் திரும்பியது. நான்காம் தேதி பல் தெரிந்தது. பின்னால் நின்ற ஒருவர் வெற்றிலையை நீட்டி ஏதோ சொல்ல, அவர் அதற்குச் சிரிக்க ஆரம்பித்திருந்தார். தோணியின் கயிறு இன்னும் கரையில்தான் கட்டியிருந்தது.

ஐந்தாம் தேதி காலை சீனி முகம்மது தனுஷ்கோடி வழியாக ரயிலில் ராமநாதபுரம் வந்து, அங்கிருந்து பஸ்ஸில் ஊருக்கு வந்து சேர்ந்தார். உடம்பு கொஞ்சம் பெருத்திருந்தது. உள்ளறையில் பாய் விரித்து உட்கார வைத்தார்கள். குல்சும் நிலைப்படியில் நின்றாள், அண்ணனும் ஹமீதா பானுவும் முற்றத்தில் இருந்தார்கள். அவர் சர்பத்தைக் குடித்துவிட்டு, பழசைப் பேச வேண்டாம், ஆனால் அன்றைக்கு மட்டும் நீ வந்திருந்தால் இத்தனை வருஷம் வீணாகியிருக்காது, எவ்வளவு தேடினேன் தெரியுமா என்றார்.

"பத்தொம்பது நாளு பாத்தீக, மச்சான்," என்றாள் குல்சும். "ஒரு பறவ சிறக இறக்குற நேரத்துல பாதிகூட இல்ல. அப்புறம் வெத்தல வாங்கிக்கிட்டீக."

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். ஊரில் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. ஆனால் வெற்றிலை அவருக்கு ஞாபகம் இருந்தது என்பது முகத்தில் தெரிந்தது.

"கண்ணு கூசுச்சு குல்சும்," என்றார் மெதுவாக.

"எனக்கும் கூசுச்சு. நான் நின்னேன்."

முற்றத்தில் மீரா சாகிபு எழுந்து வெளியே போனார். பள்ளிவாசலுக்குத்தான் போனார். அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு ஜமாஅத் கூடியது. செலவுக்கு ஒன்றும் அனுப்பாமல் பதினொரு வருஷம் இருந்ததே போதும், சட்டப்படி எப்போதோ விலக்கு வாங்கியிருக்கலாம் என்று மார்க்கம் படித்த ஆலிம்சா சொன்னார். அந்தக் காரணத்தை எழுதலாமா என்று கேட்டார். அது வேண்டாம், கண்ணால் பார்த்ததை எழுதுங்கள் என்று குல்சும் திரைக்குப் பின்னாலிருந்து சொல்லி அனுப்பினாள். அதற்கு இரண்டு சாட்சி வேண்டுமே என்று ஒருவர் கிளப்பினார். பாய் ஒட்டைப் பற்றி முன்பு சொன்ன தோணிக்காரர் எழுந்து, வெற்றிலை நீட்டியது தன் கைதான் என்றார். சீனி முகம்மது தானும் இன்னொரு சாட்சி என்பதுபோலத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். ஆலிம்சா இரண்டையும் எழுதிக்கொண்டார். பதிவேட்டில், பிரிந்த காரணம் என்ற இடத்தில், கண் பழகும் வரை நில்லாமை என்று இன்றும் இருக்கிறது.

விலக்குக்குப் பிறகு இருக்க வேண்டிய இத்தா மூன்று மாதமும் குல்சும் உள்ளறையில் இருந்தாள். முடிந்த அன்று உச்சிவெயிலில் முடுக்கு வழியாகக் கரைக்கு வந்தாள். கூசியது. எல்லோருக்கும் ஆகிற நேரத்தில் தெளிந்தது. தோணியும் ஏழு பேரும் ஆலாவும் அங்கே இல்லை. பஞ்சம்மாள் கிழிந்த வலையின் ஒரு முனையைக் கால் விரலில் மாட்டிக்கொண்டு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை வெயிலில் குல்சும் அன்றுதான் பார்த்தாள். என்ன தாயி, தோணி எந்த மட்டில் இருக்கிறது என்று பஞ்சம்மாள் கேட்டதற்கு, "போயிருச்சு," என்று சொல்லிவிட்டு, வலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அந்த வருஷத்திலிருந்து பெரியபட்டினத்துப் பெண்கள் வழியனுப்பக் கரைக்கே வருகிறார்கள், வெள்ளை உடுத்தாமல் வருகிறார்கள். பயணம் போகிறவர் தோணி விளிம்பில் வந்து நின்று, கரையைப் பார்த்தபடி இருபது எண்ணி முடித்த பிறகுதான் கயிற்றை அவிழ்க்கிறார்கள். ஏன் என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால், கண் பழக வேண்டாமா என்று சொல்லிவிட்டு நங்கூரத்தைத் தூக்கப் போய்விடுகிறார்கள்.