இருபத்தொரு பேர் ஏறினார்கள்

1

இந்தக் கதை ஒரு படிவத்தின் பின்பக்கத்தில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முன்பக்கத்தில் மாவட்ட அலுவலக முத்திரை, 'ஏறியவர் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம், 'பயண நோக்கம்' என்று ஒரு கட்டம். பின்பக்கம் வெறும் வெள்ளை. வெள்ளைத் தாளைக் கண்டால் கை சும்மா இருக்காத வியாதி எனக்கு உண்டு. நான் வேலை பார்த்த மரச்சாமான் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அதற்கு மூன்று மாதம் கழித்து, பேருந்தில் உட்கார்ந்து ஆள் எண்ணும் ஒரு வார வேலை கிடைத்தது. நவம்பர் கடைசி வாரம், திங்கள் முதல் வெள்ளி வரை.

எண்ணுவது எதற்கென்றால், ஸ்தாரா லிப்பா என்ற ஊருக்குப் போகும் பேருந்து புத்தாண்டுக்குப் பிறகும் ஓட வேண்டுமா என்று முடிவு செய்ய. ஆள் இருந்தால் ஓடும். இல்லையென்றால் ஓடாது. இது முழு உண்மை அல்ல, மீதியைப் பிறகு சொல்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "பனி மூடிய சமவெளியில் தன்னந்தனியாக ஒரு பேருந்து" — அடித்துவிட்டேன். அந்த வாரம் பனியே இல்லை. சேறுதான்.

இரண்டாம் தொடக்கம்: "வளர்ச்சி நிதி வந்தது. வட்டச் சாலை வந்தது, சைக்கிள் பாதை வந்தது, ஊர்ச் சதுக்கங்களுக்கெல்லாம் நீரூற்று வந்தது, ஆனால்" — இது கட்டுரையாகிக்கொண்டு போகிறது. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. லிப்பாவின் பேருந்து நிறுத்தத்துக்குக் கண்ணாடிக் கூரை உண்டு, சூரிய ஒளி விளக்கு உண்டு, நிதி கொடுத்தவர்களுக்கு ஒரு பெயர்ப்பலகையும் உண்டு. பேருந்து வராமல் போனாலும் அதெல்லாம் அங்கேயேதான் இருக்கும்.

மூன்றாம் தொடக்கம்: செவ்வாய்க்கிழமை, காலை ஏழு நாற்பது. பானி ஜெனோபியா கைப்பையிலிருந்து சவரப் பிரஷ்ஷை எடுத்து, முடி உதிர்கிறதா என்று விரலால் நீவிப் பார்த்தார்.

இதை வைத்துக்கொண்டேன். (இங்கே யாரையும் வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதை இல்லை. ஆணானால் பான், பெண்ணானால் பானி. அவர்கள் பேசுவது போலிஷ். இருபத்தாறு வருடம் இவர்களோடு வாழ்ந்த பிறகும் என் காதுக்குள் அது தமிழாகத்தான் இறங்குகிறது.)

பானி ஜெனோபியாவுக்கு எழுபத்தொரு வயது. கணவர் எமிலியான் பக்கவாதம் வந்து நகரத்துப் பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். மகன் நார்வேயில். பானி ஜெனோபியாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. செவ்வாயும் வெள்ளியும் போய்க் கணவருக்குச் சவரம் செய்துவிட்டு வருவார். வேறு யார் கத்தியைக் கொண்டுபோனாலும் அந்த மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறாராம்.

"நான் போனா மட்டும் கன்னத்தை உப்பிக் காட்டுவாரு. நாப்பத்தஞ்சு வருஷத்துல என் பேச்சைக் கேட்டு அவர் செஞ்ச ஒரே காரியம் அதுதான்," என்றார்.

எனக்கு அவரைப் பிடித்துப்போனது. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

3

லிப்பாவின் ஊர்த் தலைவி பானி ரெகினாவுக்கு மாவட்ட அலுவலகத்தில் ஒரு சித்தி மகள். எந்த வாரம் எண்ணப்போகிறார்கள் என்பது அந்த வழியாகக் கசிந்தது. ரெகினா அன்று மாலையே ஊரைத் தீயணைப்பு நிலையக் கூடத்தில் கூட்டிவிட்டார்.*

"எண்ணுற வாரம் எல்லாரும் பஸ்ஸுல ஏறணும். காலையில போறோம், ரெண்டேகால் பஸ்ஸுல திரும்பி வர்றோம். வேலை இருக்கோ இல்லையோ, உடம்பு வண்டியில இருக்கணும்."

"என்கிட்ட கார் இருக்கு. நான் எதுக்கு பஸ்ஸுல போகணும்?" இது பான் ஃபாபியான். தச்சு வேலை செய்பவர், ஊரில் எதற்கும் முதலில் 'முடியாது' சொல்பவர்.

"காரை வீட்டுல கட்டிப் போடு. அஞ்சு நாள் தண்ணி காட்டலைன்னா செத்துடாது."

"ஜெனோபியா அம்மாவை வாரத்துக்கு ரெண்டு நாள் நானே கார்ல கூட்டிட்டுப் போறேனே."

அப்போது பானி ஜெனோபியா எழுந்து, "ஒரு மாசம் கூட்டிட்டுப் போவ. ரெண்டாவது மாசம் நான் உன் வீட்டு வாசல்ல வந்து நிக்கும்போது உன் பொண்டாட்டி திரைச்சீலையை இழுத்து விடுவா. பஸ்ஸுக்கு நான் நன்றி சொல்ல வேண்டியதில்ல, ஃபாபியான்," என்றாராம். ஃபாபியான்தான் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார்.

*நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. ஓட்டுநர் கொன்ராட் சொன்னார். அவரும் இல்லை, அவர் மனைவி இருந்தார். ஜெனோபியாவின் கடைசி வாக்கியத்தில் மட்டும் நான் கை வைக்கவில்லை.

4

திங்கள்கிழமை லிப்பாவில் இருபத்தொரு பேர் ஏறினார்கள்.

ஊரே சேர்ந்து ஏமாற்ற முடிவு செய்துவிட்டது, ஆனால் ஒருவருக்கும் பொய் சொல்ல வரவில்லை. 'பயண நோக்கம்' கேட்டால் உண்மையைத்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்தார்கள். அதனால் ஆளாளுக்கு ஓர் உண்மையான காரியத்தைத் தயாரித்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

"நோக்கம்?"

"ஸ்க்ரூ வாங்கணும்," என்றார் ஃபாபியான்.

மறுநாளும் அதே பதில். "நேத்தும் ஸ்க்ரூதானே வாங்கினீங்க?"

"நேத்து ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணு. கதவுக் கீலுக்கு அஞ்சு வேணும், பான். நீங்க எண்ணுறதும் அஞ்சு நாள்தானே?"

அவருக்குப் பின்னால் கறுப்புத் தொப்பி போட்ட ஒரு பெண்மணி.

"பாவமன்னிப்பு கேக்கப் போறேன்."

"உங்க ஊர்லயே ஃபாதர் இருக்காரே?"

"இந்தப் பாவத்தை அவர்கிட்ட எப்படிச் சொல்றது? அவரே கடைசி சீட்டுல உக்காந்திருக்காரு."

திரும்பிப் பார்த்தேன். ஃபாதர் மும்முரமாக ஜன்னல் வழியே சேற்றை ரசித்துக்கொண்டிருந்தார்.

ரெகினா கசகசா கேக்கைத் துண்டு போட்டு விநியோகித்தார். எனக்கும் ஒன்று. லஞ்சம் என்று சொல்ல முடியாது, ஓட்டுநருக்கும் கொடுத்தார். கொன்ராட் வாய் நிறைய கேக்கோடு, "சாதாரண நாள்ல இந்த ஊர்ல நாலே பேருதான். நான் ஒண்ணும் சொல்லல பான், எனக்கு ரோடு மட்டும்தான் தெரியும்," என்றார்.

வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமான பேருந்தில் நான் போனதில்லை. கதையை இங்கேயே முடித்துக்கொள்ளலாம் என்று மூன்று முறை நினைத்தேன்.

5

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தேன். இப்போது எடுத்து வைக்கிறேன்.

அதே பேருந்து, லிப்பாவுக்குப் போகுமுன், காலை ஐந்து மணிக்கு குர்கி என்ற இன்னோர் ஊருக்குப் போகிறது. புத்தாண்டு முதல் மாவட்டத்திடம் இருக்கும் ஓட்டுநரின் நேரம் ஒரு ஊருக்குத்தான் போதும். எந்த ஊரில் அதிகம் பேர் ஏறுகிறார்களோ, அந்த ஊருக்கு. குர்கியில் ஒன்பது பேர் ஏறினார்கள். ஐந்து நாளும் ஒன்பதே பேர், ஒன்பது பேரும் வேலைக்கு. எண்ணுகிற விஷயம் அவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு மாவட்ட அலுவலகத்தில் சித்தி மகள் யாரும் இல்லை.

இந்தப் பத்தியை எழுதாமல் விட்டிருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. எழுதாதது இல்லாமல் போய்விடும் என்பதுதான் கதையின் வசதி. மாவட்ட நிர்வாகத்துக்கும் அதே வசதி இருக்கிறது.

பிற்பகல் திரும்பும்போது இரண்டு ஊருக்கும் ஒரே வண்டி. முதலில் குர்கி, பிறகு லிப்பா. இருக்கைகள் இருபத்து நான்கு. காலையிலிருந்து நகரத்தில் செய்ய ஒன்றுமில்லாமல் சுற்றிய லிப்பாக்காரர்கள் முன்னதாகவே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். செவ்வாயன்று கடைசியாக ஏறியவள் குர்கிக்காரி வியோலா. முப்பத்து நான்கு வயது, மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை, காலை ஆறிலிருந்து இரண்டு வரை. திங்களன்றும் அவள் நின்றுகொண்டுதான் வந்திருக்கிறாள். நான் கவனிக்கவில்லை.

"என்ன இது, யார் வீட்டுக் கல்யாணம்?" என்று கம்பியைப் பிடித்தபடி கேட்டாள்.

ஃபாபியான் கையிலிருந்த ஸ்க்ரூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பானி ஜெனோபியா எழுந்தார்.

"உக்காரும்மா."

"வேணாம் பானி. பதினஞ்சு நிமிஷம்தானே."

"ஆள் எண்ணுறாங்க. எண்ணிக்கை குறைஞ்சா பஸ்ஸை நிறுத்திடுவாங்களாம். அதான் எல்லாரும் வந்திருக்கோம்."

"எண்ணுறாங்களா? எங்களுக்கு யாரும் சொல்லலையே."

"எங்களுக்கும் யாரும் சொல்லல. நாங்களாத் தெரிஞ்சுக்கிட்டோம்," என்றார் ரெகினா. குரல் வழக்கத்தைவிடச் சற்று உயர்ந்திருந்தது.

வியோலா என் பக்கம் திரும்பினாள். "இருக்கிறது ஒரு வண்டி. ரெண்டு ஊர். அப்ப யாருக்கு, பான்?"

"நான் எண்ண மட்டும்தான்..." என்று இழுத்தேன்.

"எங்க ஊர்ல மொத்தமே முப்பது பேரு. பாதிப் பேரு படுக்கையில. ஒப்புக்குக் கூட்டிட்டு வரவும் ஆளில்ல," என்றாள். புகார் மாதிரி இல்லை, கடையில் ரொட்டி தீர்ந்துவிட்டது என்று சொல்வது மாதிரி சொன்னாள். அவள் விரல்கள் சலவைத் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தன. ஊரில் இறங்கும்போது எல்லோருக்கும் பொதுவாக வணக்கம் சொல்லிவிட்டுத்தான் இறங்கினாள்.

6

ரெகினாவை வில்லியாக்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் எழுதினேன், ஒட்டவில்லை. காரணம் புதன்கிழமை. அன்று பிற்பகல் லிப்பாக்காரர்கள் ஒன்பது இருக்கைகளைக் காலியாக விட்டிருந்தார்கள். ஆறு பேர் நின்றார்கள், அதில் ஃபாதரும் ஒருவர். ஒவ்வொரு காலி இருக்கையிலும் காகிதத்தில் சுற்றிய கேக் துண்டு. ஏற்பாடு ரெகினாவுடையது. குர்கிக்காரர்கள் உட்கார்ந்தார்கள், கேக்கும் சாப்பிட்டார்கள். இருந்தாலும் வியாழன் காலை லிப்பாவில் மறுபடி இருபத்தொரு பேர்தான் ஏறினார்கள். இருக்கையைக் கொடுத்தார்கள், பேருந்தைக் கொடுக்க அவர்களால் முடியவில்லை. அவர்களைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை.

எழுதியதைத் திரும்பப் படித்தபோது வேறொன்று உறைத்தது. ஜெனோபியாவுக்குப் பிரஷ் கொடுத்தேன், கணவர் கொடுத்தேன், சிரிப்பு வரும் வசனம் கொடுத்தேன். வியோலாவுக்கு வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்? கேட்கவே இல்லை. நான்கு பகுதிகளை லிப்பாக்காரர்களால் நிரப்பிவிட்டு ஐந்தாவதில்தான் அவளை ஏற்றினேன். பேருந்தில் நடந்ததையே கதையிலும் செய்திருக்கிறேன். முதலில் ஏறியவருக்கு உங்கள் மனதில் இடம் கிடைத்துவிட்டது, அவள் இங்கேயும் நின்றுகொண்டுதான் இருக்கிறாள்.

[இந்த இடத்தில் வியோலாவுக்கு ஒரு நோயாளித் தாயும் இரண்டு குழந்தைகளும் சேர்க்கலாமா என்று யோசித்தேன். நியாயம் கேட்க ஒருத்திக்கு நோயாளித் தாய் வேண்டியதில்லை. சேர்க்கவில்லை.]

7

படிவத்தில் 'குறிப்புகள்' என்று இரண்டு கோடுகள் உண்டு. அங்கேதான் சிக்கல். எண்ணிக்கைக் கட்டத்தில் இருபத்தொன்று என்று எழுதினால் அது சத்தியம். இருபத்தொரு பேரும் ஏறினார்கள், என் கண்ணால் பார்த்தேன். ஆனால் அந்தச் சத்தியத்தால் ஒரு பொய் நிறைவேறும். 'வழக்கமாக நான்கு பேர்' என்று குறிப்பில் எழுதினால் பேருந்து குர்கிக்குப் போகும்.

முடிவு ஒன்று: குறிப்பை எழுதவில்லை. லிப்பாவில் கொண்டாட்டம். வியோலா வேலையை விடுகிறாள், அல்லது நகரத்தில் அறை எடுக்கிறாள், அல்லது

முடிவு இரண்டு: எழுதுகிறேன். எமிலியானின் தாடி வளர்கிறது. பணிப்பெண்கள் இரண்டு பேர் சேர்ந்து அவர் தலையைப் பிடித்துக்கொண்டு

முடிவு மூன்று: லிப்பாவுக்கு இரண்டு நாள், குர்கிக்கு மூன்று நாள் என்று மாவட்டம் பிரித்துக் கொடுக்கிறது. இதை ஆசை ஆசையாக இரண்டு பக்கம் எழுதினேன். பிறகு என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். "வாரத்துக்கு மூணு நாள் வர்ற ஆளை எந்தச் சலவைக்கூடம் வச்சுக்கும்?" என்று கேட்டுவிட்டு உருளைக்கிழங்கு உரிக்கப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல், லிப்பா நெருங்கும்போது பானி ஜெனோபியா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அந்த வாரம் ஐந்து நாளும் போய் ஐந்து முறை சவரம் செய்திருந்தார். "கல்யாணத்தன்னிக்குக்கூட அவர் இவ்வளவு பளபளப்பா இல்ல," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நாலு பேருன்னு எழுதப்போறீங்களா?"

"தெரியல, பானி."

"எழுதினா நான் உங்களை மன்னிக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

"சரி."

"எழுதலைன்னா அந்தப் பொண்ணு முகத்தை என்னால பாக்க முடியாது." கைப்பையை மூடினார். "என்கிட்ட கேக்காதீங்க. எனக்கு அவரு வேணும். நான் நல்லவளா இருக்கிற நிலைமையில இல்ல."

இதற்கு நல்ல பதில் ஒன்றை இப்போது எழுதிச் சேர்த்திருக்கலாம், ஆனால் அன்று நான் செய்தது படிவத்தை மடித்துப் பையில் வைத்தது மட்டும்தான்.

8

திங்கள் நண்பகலுக்குள் படிவத்தைக் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். என்ன எழுதினேன் என்று கேட்பீர்கள். சொல்ல மாட்டேன். சொன்னால் 'சரியாகத்தான் செய்தான்' என்றோ 'பாவி' என்றோ என்னைப் பற்றி ஒரு முடிவெடுத்துக்கொண்டு நிம்மதியாகப் போய்விடுவீர்கள். அந்த இரண்டு ஊரைப் பற்றி முடிவெடுக்க வேண்டியிருக்காது.

ஆகவே அந்த இரண்டு கோடுகளை நீங்களே நிரப்புங்கள். அவசரமில்லை, யோசித்து எழுதுங்கள். ஒரே ஒரு விஷயம். அலுவலகத்துக் கடிதம் எப்போதும் தாமதமாகத்தான் போய்ச் சேரும். அதனால் புத்தாண்டுக்குப் பிறகு முதல் செவ்வாய்க்கிழமை, நீங்கள் எழுதியது தெரியாமல், வண்டி நின்றுபோன ஊரின் நிறுத்தத்தில் ஒரு பெண் வந்து நிற்பாள். குர்கியானால் காலை ஐந்து மணி, லிப்பாவானால் ஏழு நாற்பது. வண்டி வருகிறதா என்று சாலையை எட்டி எட்டிப் பார்ப்பாள். குளிராக இருக்கும், அதிக நேரம் நிற்க விடாதீர்கள். நீங்களே போய் அவளிடம் சொல்லிவிடுங்கள்.