ஐந்தாவது மேசையின் பத்தொன்பது விநாடிகள்

தண்ணீர் பாட்டில் செய்யும் தொழிற்சாலையில் எனக்கு நேரம் பார்க்கும் வேலை. இயற்பியல் படித்தவளுக்கு நிறுத்துக் கடிகாரம் புதிதில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு மனிதர்களின் முதுகுக்குப் பின்னால் நிற்பதுதான் கூச்சமாக இருந்தது.

"செகண்டு வந்தாச்சு. எல்லாரும் கொஞ்சம் வேகமா மூச்சு விடுங்க" என்பாள் லேபிள் ஒட்டும் பெண். என் பெயரே அதுவாகிவிட்டது.

வரிசையில் எட்டு மேசைகள். ஆறு மேசைகளில் ஒரு பாட்டிலுக்குப் பதினொன்றிலிருந்து பதின்மூன்று விநாடி. நான்காவதில் பதினைந்து. ஐந்தாவதில் பத்தொன்பது. மற்றவர்கள் எத்தனை வேகமாகச் செய்தாலும், ஐந்தாவது மேசை விடுகிற வேகத்தில்தான் பாட்டில் வெளியே போகும்.

"அந்த மேசை அக்காவை மாசக் கடைசியில அனுப்பிடலாம்" என்றார் மேனேஜர். "நீ ரிப்போர்ட் மட்டும் எழுதிக் குடும்மா."

எழுதுவதற்கு முன் அரை நாள், கடிகாரம் இல்லாமல் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நான்காவது மேசையில் அவருடைய கணவர்; எங்களுக்கு அண்ணன். மூடிக்குள் சிலிக்கோன் வாஷரைப் பொருத்துவது அவர் வேலை. வாஷரின் ஒரு பக்கம் மெல்லிய மேடு இருக்கும். அந்தப் பக்கம் கீழே வர வேண்டும். மாறினால் பாட்டில் ஒழுகும். வாஷருக்கு நிறம் கிடையாது, மேடு கண்ணுக்குத் தெரியாது. விரல் நுனியால் தடவித்தான் பார்க்க வேண்டும். அண்ணன் போட்டுத் தரும் மூடியை அக்கா பாட்டிலில் வைத்து முறுக்குவார்.

முறுக்குவதற்கு முன் அக்காவின் கட்டைவிரல் மூடிக்குள் ஒரு சுற்று போய் வந்தது. பத்தில் மூன்று தடவை, மூடியை மடிக்கு இறக்கி, நகத்தால் வாஷரை நெம்பி எடுத்து, திருப்பிப் போட்டார். மேசைக்குக் கீழே நடந்ததால் வேறு யாருக்கும் தெரியவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். அக்கா டப்பாவை மூடி வைத்தார்.

"பாத்துட்டியா. அவருக்குச் சர்க்கரை. விரல் நுனி மரத்துப்போச்சு. சரியாத்தான் போடறோம்னு நெனச்சிட்டிருக்காரு. தெரிஞ்சா அன்னிக்கே வேலைய விட்டுட்டுச் சுவரைப் பாத்து உக்காந்துடுவாரு."

"உங்களை அனுப்பிடுவாங்க அக்கா."

"என்னை அனுப்பிட்டா அவருக்குப் பக்கத்துல யாரு உக்காருவா?"

உண்மையை எழுதினால் அண்ணனுக்கு வேலை போகும். எழுதாவிட்டால் அக்காவுக்குப் போகும். அவர் போன மறுநாளே பாட்டில்கள் ஒழுகத் தொடங்கும்; அப்போதும் அண்ணனுக்குத்தான் போகும்.

ஒழுகுகிறது என்று கடைகளிலிருந்து திரும்பி வந்த பாட்டில்கள் கிடங்கில் இருந்தன. இருபதைத் திறந்து பார்த்தேன். பதினொன்றில் வாஷர் தலைகீழாக இருந்தது. அக்கா சரிபார்த்து அனுப்பியவை இவை; கழுவிவிட்டு மாட்டும்போது வாங்கியவர்களே மாற்றிப் போட்டிருந்தார்கள். அவர்கள் விரல்கள் நன்றாகத்தானே இருந்திருக்கும். இரண்டு விதமாகப் பொருந்தி ஒரு விதமாக மட்டும் வேலை செய்கிற பொருளை, யாராவது ஒருவர் தப்பாகப் போடத்தான் செய்வார்.

கூட்டத்தில் பேசினேன். தலைகீழாக இருந்த வாஷர்களை மேசையில் பரப்பினேன். "மேட்டை ரெண்டு பக்கமும் வச்சிட்டா எப்படிப் போட்டாலும் சரியா இருக்கும் சார்."

மேனேஜர் அந்தப் பதினொரு வாஷர்களையும் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "சரி, செஞ்சு பாருங்க. அஞ்சாவது மேசை ரிப்போர்ட்?"

"புது வாஷர் வந்ததும் இன்னொரு தடவை நேரம் எடுத்துட்டு எழுதறேன்."

அச்சு மாற்ற ஆறு வாரம் ஆனது. மூன்று மாதிரிகள் ஒழுகின. நான்காவது ஒழுகவில்லை.

புது வாஷர் வந்த அன்று அக்காவின் மேசையில் ஒன்பது விநாடி. மகிழ்ச்சியாக எழுதிவிட்டு நிமிர்ந்தேன். அக்கா வெறுங்கையோடு உட்கார்ந்து அடுத்த மூடிக்காகக் காத்துக்கொண்டிருந்தார். நான்காவது மேசையில் அதே பதினைந்து. மரத்த விரல்களுக்கு வாஷரைத் தட்டிலிருந்து எடுப்பதே பாடாக இருந்தது. ஒரு அடைப்பை எடுத்தால் அடுத்த அடைப்பு தெரியும் என்று பயிற்சியின் முதல் நாளே சொன்னார்கள். நான் அதை யோசிக்கவில்லை.

அண்ணன் திரும்பிப் பார்த்தார். "என்ன, சும்மா உக்காந்திருக்க?"

"வேலை முடிஞ்சிடுச்சு."

"நேத்து வரைக்கும் தலை நிமிர நேரமில்ல உனக்கு. இன்னிக்கு வாஷர் மட்டுந்தானே மாறியிருக்கு."

அண்ணன் தட்டின் ஓரத்தில் கிடந்த பழைய வாஷர் ஒன்றை எடுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தடவினார். அவர் விரலுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்திருக்கும். வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

சாப்பாட்டு மணி அடித்ததும் நேராக என்னிடம் வந்தார். அக்கா டப்பாவைத் திறக்காமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலையை விடுகிறேன் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன்.

"எத்தனை நாளா நடக்குது?"

"எனக்குத் தெரிஞ்சு ரெண்டு மாசம்."

"அவளைக் கேட்டா, வருஷத்தையும் வாரம்னு சொல்லுவா." கையை விரித்துக் காட்டினார். "விரல் போயிடுச்சு. மணிக்கட்டு போகல. மூடி முறுக்க விரல் நுனி வேணுமா?"

"வேணாம் அண்ணே."

"அப்ப நாங்க ரெண்டு பேரும் நாற்காலி மாத்திக்கிட்டா?"

புது வாஷரின் வரைபடம், அச்சு, ஆறு வாரம் எல்லாம் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தன. "எனக்குத் தோணவே இல்ல அண்ணே."

"அவளுக்கே தோணல. மூளை முழுக்க மறைக்கறதுலயே போயிருக்கு."

"நீங்க வேலைய விட்டுடுவீங்கன்னு பயந்தாங்க."

"விட்டிருப்பேன்." அக்கா இருந்த பக்கம் திரும்பினார். "இப்ப அவ இவ்வளவு செஞ்சதுக்கப்புறம் எப்படிம்மா விடறது?"

மதியத்துக்கு மேல் இடம் மாறினார்கள். அக்காவுக்குப் பத்து விநாடி, அண்ணனுக்குப் பன்னிரண்டு. அறிக்கையில் யாரையும் அனுப்பத் தேவையில்லை என்று எழுதி மேனேஜரிடம் கொடுத்தேன். அவர் எண்களை இரண்டு தடவை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

திரும்பி வந்தபோது ஐந்தாவது மேசையில் சண்டை.

"இப்படி முறுக்கினா வாங்கறவங்க எப்படித் தொறப்பாங்க?"

"ஒழுகக் கூடாதில்ல."

"தொறந்தாத்தானே குடிக்க முடியும்? குடுங்க இங்க."

அண்ணன் பாட்டிலை நீட்டினார். அக்கா மூடியைத் திறக்கப் பார்த்தார். முடியவில்லை. அண்ணனே வாங்கித் தளர்த்தி, மறுபடி நீட்டினார்.

"இது சரியா இருக்கா?"

"இன்னும் கொஞ்சம்" என்றார் அக்கா.