புகார் வரும் வரை

வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே விமானம் ஓட்டுகிறவர்கள் என்று ஒரு கூட்டம் உலகத்தில் இருக்கிறது. தலையில் ஒரு கனத்த ஹெட்செட்டை மாட்டிக்கொள்வார்கள். கண்ணுக்குள்ளேயே விமானி அறை, ஓடுபாதை, மேகம் எல்லாம் விரிந்துவிடும். இருப்பதிலேயே விலை உயர்ந்ததைப் பார்த்து வாங்கி மாட்டிக்கொண்டு ஜம்மென்று கிளம்புவார்கள். முதல் மேகத்துக்குள் நுழைந்ததும் படம் வெட்டி வெட்டி ஓடும், தலை சுற்றும், குமட்டிக்கொண்டு வரும். மறுநாள் கணினியும் ஹெட்செட்டுமாக ஒரு கடையின் பின்னறைக்கு வந்து அசடு வழிய நிற்பார்கள். அந்தப் பின்னறையில் உட்கார்ந்து அவற்றைச் சரிசெய்து கொடுப்பவள்தான் பொடிசு.

நாற்பது வயதைத் தொட்டவளைப் பொடிசு என்று அழைப்பது அவ்வளவு மரியாதையில்லைதான். ஆனால் அவளுடைய அண்ணன் அப்படித்தான் கூப்பிடுவான், கடை முதலாளியும் அதையே பிடித்துக்கொண்டார், நாம் மட்டும் என்ன புதிதாகச் சொல்லிவிடப்போகிறோம்.

அவளுடைய வேலை, எதை விட்டுக்கொடுப்பது என்று முடிவுசெய்வது. நொடிக்குத் தொண்ணூறு படம் கண்ணுக்குள் விழவேண்டும். குறைந்தால் தலைசுற்றல். அத்தனை படத்தையும் முழுத் தெளிவோடு வரைந்து தள்ள எந்தக் கணினிக்கும் மூச்சு இருக்காது. ஆகவே மரத்தின் நிழலைக் கொஞ்சம் குறைப்பாள், தூரத்துக் கட்டடத்தை மொட்டையாக்குவாள், மேகத்தை மெலிய வைப்பாள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு தந்திரம் உண்டு. நம் கண்ணுக்கு நேரே பார்க்கும் இடம் மட்டும்தான் பளிச்சென்று தெரியும், சுற்றி இருப்பதெல்லாம் மங்கல்தான். புதிய ஹெட்செட்டுகள் உள்ளே இருந்தபடி கருவிழியைக் கவனித்துக்கொண்டே இருக்கும். விழி எங்கே போகிறதோ அங்கே மட்டும் ஒரு வட்டம் தெளிவாக வரையப்படும். மற்ற இடமெல்லாம் ஒப்புக்கு.

அந்த வட்டத்தை எவ்வளவு சிறிதாக்கலாம் என்பதற்குப் பொடிசு ஒரு வழி வைத்திருந்தாள். ஆளை உட்காரவைத்து, ஹெட்செட்டை மாட்டி, வட்டத்தைப் படிப்படியாகச் சுருக்குவாள். சாப்பாட்டுத் தட்டளவுக்கு வந்ததும் சிலர் முகம் சுளிப்பார்கள். கல்லுளிமங்கன்கள் இன்னும் இரண்டு படி தாங்குவார்கள். "ஓரமெல்லாம் என்னமோ சேறு மாதிரி இருக்கு" என்று புகார் வந்த நிமிடம் ஒரு படி ஏற்றி நிறுத்திவிடுவாள். புகார் வரும் வரை குறை, வந்ததும் ஒரு படி ஏற்று. இத்தனை வருடத்தில் புகார் வராமல் போன ஆள் ஒருவர்கூட இல்லை.

அன்று காலை அண்ணன் வந்தான். அவன் நாற்காலி விமானி இல்லை, நிஜ விமானி. ஒன்பது பேர் உட்காரும் சின்ன விமானத்தைத் தன்னந்தனியாக ஓட்டிக்கொண்டு தினமும் மாலையில் தீவுக்குப் போய் மறுநாள் காலையில் திரும்புகிறவன். மலையடிவாரத்தில் புதிதாகத் திறந்திருக்கும் குட்டை ஓடுபாதைக்கு அவனை அனுப்பப்போகிறார்கள். அதற்கு வீட்டிலேயே பழகிக்கொள்ளலாம் என்று ஆசைப்பட்டு ஹெட்செட் வாங்கியிருந்தான். அது வெட்டி வெட்டி ஓடுகிறதாம்.

பின்னறைக்குள் நுழையும்போதே கதவுக்கு இடப்பக்கம் நின்ற ஃபேனைத் தோளால் இடித்துத் தள்ளினான். அவனுக்கும் அந்த ஃபேனுக்கும் அப்படி என்ன பூர்வஜென்மப் பகையோ, வந்தாலும் இடிப்பான், போனாலும் இடிப்பான். "இத எடுத்து வேற எங்கயாவது வெச்சுத் தொலையேன்" என்று ஃபேனைத் திட்டிவிட்டு நாற்காலியில் விழுந்தான்.

"ஊருக்கெல்லாம் வழி காட்டற ஆளு, ஒரு ஃபேனுக்கு வழி விடத் தெரியல" என்றாள் பொடிசு.

அண்ணன் என்றால் அவளுக்கு உயிர். அப்பா போனபிறகு அவளை முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் துணையாக நின்றவன். இந்தப் பின்னறையில் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது, கம்ப்யூட்டர் ரிப்பேரா என்று உறவெல்லாம் மூக்கைச் சுளிக்க, கூட வந்து உட்கார்ந்து முதல் வாடிக்கையாளனாக இருந்தவனும் அவன்தான். ஆகவே மற்ற வேலைகளை ஓரங்கட்டிவிட்டு அவனுடையதை எடுத்துக்கொண்டாள்.

நிழலைக் குறைத்தாள், மேகத்தை மெலியவைத்தாள். படம் வழுக்கிக்கொண்டு ஓடத் தொடங்கியது. அவன் ஹெட்செட்டுக்குள் இருந்தபடியே சந்தோஷமாக விசில் அடித்தான். அவன் பார்ப்பது அத்தனையும் மேசைமேல் இருந்த திரையில் அவளுக்கும் தெரிந்தது. கடைசியாக வட்டத்துக்கு வந்தாள். தட்டளவு. அவன் ஒன்றும் சொல்லவில்லை. கிண்ணத்தளவு. ஒன்றும் சொல்லவில்லை.

"ஓரமெல்லாம் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கே."

தங்கை மனம் நோகக்கூடாது என்று அனுசரித்துப் போகிறான் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. வட்டத்தை டம்ளர் வாயளவுக்குச் சுருக்கினாள். திரையில் ஓடுபாதையின் ஒரு துண்டு மட்டும் பளிச்சென்று இருக்க, மிச்சமெல்லாம் கரைத்துவிட்ட மாதிரி கிடந்தது. அவனுடைய விழி போகுமிடமெல்லாம் அந்தத் துண்டு கூடவே ஓடியது. அவன் இன்னும் விசில் அடித்துக்கொண்டிருந்தான். பொடிசுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

ஓரத்தை வரைவதையே நிறுத்திவிடும் வழி ஒன்று உண்டு. சோதனைக்கு மட்டும்தான் அதைப் பயன்படுத்துவார்கள். அவள் விரல் அந்தப் பொத்தானின் மேல் கொஞ்ச நேரம் தயங்கி நின்றது. பிறகு அழுத்தினாள். திரை முழுக்கக் கறுப்பானது. நடுவில் டம்ளர் வாயளவு வெளிச்சம், அதற்குள் ஓடுபாதை.

"இப்ப?" என்றாள்.

"இதுதான் பர்ஃபெக்ட். இதையே வெச்சிரு."

அவள் இன்னொன்றும் செய்தாள். இடப்பக்கத்திலிருந்து ஒரு சிறு விமானத்தை அவன் பாதையில் ஏவினாள். கறுப்புக்குள்ளிருந்து நெருங்கிவந்த அது, அவன் மூக்குக்கு முன்னால் குறுக்கே பாய்ந்தது. வட்டத்தைத் தொட்டுப் போன அந்த நொடியில்தான் அவன் துள்ளினான். "இது எங்கேர்ந்து வந்து தொலைச்சுது?" என்று சிரித்தான்.

போன மாதம் அவனுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து தீவுக்குப் போனது அவளுக்கு நினைவு வந்தது. அன்றும் இடப்பக்கம் ஒரு விமானம் வந்தது. அவள் கை நீட்டிக் காட்டியபிறகுதான் அவன் கழுத்தைத் திருப்பினான், அதெல்லாம் எப்போதோ பார்த்தாகிவிட்டது என்று சொன்னான். அவளும் நம்பினாள். அவன் காரின் இடப்பக்கக் கண்ணாடி இந்த வருடம் மூன்றாவது தடவையாக உடைந்து, டேப் ஒட்டிக் கிடக்கிறது. கண்டவன் வந்து இடித்துவிட்டுப் போகிறான் என்று அவன் சொல்ல, எல்லோரும் கூடச் சேர்ந்து கண்டவனைத் திட்டினார்கள்.

ஹெட்செட்டை வாங்கித் தானே மாட்டிப் பார்த்தாள். குழாய்க்குள் கண்ணை வைத்த மாதிரி இருந்தது. முன்கடையிலிருந்து முதலாளியைக் கூப்பிட்டு மாட்டிவிட்டாள். அவர் அடுத்த நொடியே கழற்றி, "என்னம்மா, ஆளைக் கிணத்துக்குள்ள இறக்கிட்ட" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அண்ணன் இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு இன்னும் போகவில்லை, ஆனால் அதற்கு அங்கே வேலையும் இல்லை.

பதிவாகியிருந்ததை அவள் திரையில் ஓடவிட்டாள். அவன் வெகுநேரம் பார்த்தான்.

"இது என்ன கறுப்பு? நான் பார்த்தது இது இல்லையே."

"நீ பார்த்தது இதேதான் அண்ணா."

"நான் முழுசாப் பார்த்தேன். கடல் இருந்துது, கரை இருந்துது."

"இல்ல. இருந்துச்சுன்னு உனக்குத் தோணிருக்கு."

உடனே எழுந்து, எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த உத்தரவாதச் சீட்டின் பொடி எழுத்தை நின்ற இடத்திலிருந்தே கடகடவென்று படித்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் என் கண்ணைப் பார்க்கிறார், அவரும் படித்தவர்தான், எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரைக்கும் படித்துக் காட்டிவிட்டுத்தான் வெளியே வருகிறேன் என்றான். பொடிசு பொறுமையாகச் சொல்லிப் பார்த்தாள். நேரே இருப்பதில் குறையில்லை. பக்கப் பார்வைதான் போய்க்கொண்டிருக்கிறது. இந்த நோய் வலிக்காது, இருட்டாகக்கூடத் தெரியாது, இல்லாத ஓரத்தை மூளையே வரைந்து வைத்துக்கொள்ளும். இன்று மட்டும் போகவேண்டாம், கண் டாக்டரைப் பார்த்துவிடலாம் என்று கெஞ்சினாள்.

"பொடிசு, நீ விளையாட்டுச் சாமான் ரிப்பேர் பண்றவ" என்றான் அவன். "அதோட நிறுத்திக்கோ."

இப்படி ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வந்ததே இல்லை. அவளுக்குக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. போகும்போது ஃபேன் நின்றது அவனுக்கு வலப்பக்கம். அதையும் இடித்துக்கொண்டுதான் போனான்.

அண்ணிக்குப் போன் செய்தாள். அண்ணி முதலில் சிரித்தாள். பிறகு, சாப்பிடும்போது டம்ளரைத் தட்டிவிடுகிறார், படியில் கால் வைக்குமுன் தடவிப் பார்க்கிறார், வயதாகிறது என்று நினைத்துக்கொண்டேன் என்று மெதுவாகச் சொன்னாள். கடைசியில் கெஞ்சினாள்.

"ஆபீசுக்கு மட்டும் சொல்லிடாத. பறக்கலன்னா அவரு அவரா இருக்க மாட்டாரு. நாளைக்கு நானே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்."

அண்ணி சொன்னதில் பொய்யில்லை. அந்த வெள்ளைச் சட்டையைக் கழற்றிவிட்டால் அண்ணன் என்ன செய்வான் என்று பொடிசுக்கும் தெரியவில்லை. ஆனால் நாளைக்கு வருவதற்குள் இன்றைய மாலை ஒன்று இருந்தது. ஒன்பது பேர் இப்போது எங்கோ பெட்டிகட்டிக்கொண்டிருப்பார்கள். கண்ணாடிச் சன்னலோரம் கிடைக்கவேண்டுமே என்பதுதான் அவர்களுடைய கவலையாக இருக்கும். அண்ணனைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டபோது போனை அணைத்துவிட்டிருந்தான்.

வெகுநேரம் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். இதைச் சொல்லாமல் விட்டால் கதை கேட்பவர்களுக்கு அவள்மேல் மதிப்பு கூடலாம், ஆனால் நடந்தது அதுதான். அவன் சொன்ன அந்த வார்த்தையின் எரிச்சலும் அதில் இருந்தது, எக்கேடோ கெட்டுப்போகட்டும் என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தாள். பிறகுதான் விமான அலுவலகத்துக்குப் போன் செய்தாள்.

எடுத்தவர் அந்த நேரத்தில் பணியில் இருந்த மேலாளர். விஷயத்தைக் கேட்டதும் அவரும் சிரித்தார். "அவருக்கா? கழுகுக் கண்ணாச்சேம்மா அவருக்கு." அவள் விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். சிரிப்பு அடங்கியது. இந்த மாதிரி வேண்டாத ஆட்கள் எத்தனையோ பேர் போன் செய்வார்கள் என்று இழுத்தார்.

"நீங்க யாரு பேசறீங்க?"

வைத்துவிட்டிருக்கலாம். யாரோ ஒருத்தி என்று போயிருக்கும்.

"அவரோட தங்கச்சி" என்றாள்.

பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். பார்க்கிறேன் என்றால் நிறுத்துகிறேன் என்றும் ஆகலாம், உங்களுக்கு வேறு வேலையில்லை என்றும் ஆகலாம்.

மாலை விமானம் தினமும் கடைக்கு மேலேதான் போகும். போகும்போது மேசைத் திரைகள் லேசாக அதிரும். அன்று போகவேண்டிய நேரம் வந்தது. சத்தமில்லை. அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிற்று. முதலாளி முன்கடையில் யாரிடமோ விலை பேசிக்கொண்டிருந்தார். அப்போது திரைகள் அதிர்ந்தன.

பொடிசு சன்னலுக்கு ஓடினாள். அறைக்குள் நுழையும் கதவுக்கு இடப்பக்கம், ஃபேனைத் தாண்டி, மேசையை ஒட்டித்தான் சன்னல். விமானத்தின் அடிவயிறு மட்டும் தெரிந்தது. கூரைகளுக்கு மேலாக ஏறி, தீவின் பக்கம் திரும்பிக் கண்ணுக்கு மறைந்தது. ஓட்டுகிறவன் யார் என்று அடிவயிற்றைப் பார்த்து யார் சொல்லமுடியும்? அண்ணனின் போன் இன்னும் அணைந்துதான் கிடந்தது. அலுவலகத்தில் யாரும் எடுக்கவில்லை. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அது போன திசையைப் பார்த்தபடியே நின்றாள். காதில் விழும் சத்தமெல்லாம் கெட்ட செய்தியாகவே கேட்டது.

எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ, தெருவில் ஒரு கார் வந்து நின்றது. இடப்பக்கக் கண்ணாடியில் டேப் ஒட்டியிருந்தது. விமானத்தை வேறு யாரிடமோ கொடுத்து அவனை நிறுத்திவிட்டிருக்கிறார்கள். கம்பியை விட்டுக் கதவின் பக்கம் திரும்பினாள்.

வெள்ளைச் சட்டையோடு அண்ணன் உள்ளே வந்தான். ஃபேன் ஆடியது. இந்தத் தடவை அதைத் திட்டவில்லை. நேராக மேசைவரை போய், அவளுடைய காலி நாற்காலியையும் அணைந்த திரையையும் பார்த்தபடி நின்றான். கோபத்தை எல்லாம் வழியிலேயே சேர்த்துக்கொண்டு வந்தவன் போல மூச்சு வாங்கினான். ஆளைக் காணோம் என்றதும் அது போக இடமில்லாமல் நின்றது. ஹெட்செட்டைக் கையில் எடுத்தான், திருப்பித் திருப்பிப் பார்த்தான், கீழே வைத்தான்.

பொடிசு சன்னலோரம் நின்றாள். கை நீட்டினால் அவன் இடத் தோளைத் தொட்டுவிடலாம். அழைக்கத்தான் நினைத்தாள், அதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"பொடிசு, எங்க போய்த் தொலைஞ்ச?" என்றான் அவன், காலி நாற்காலியிடம்.

"இங்கதான் அண்ணா இருக்கேன்."

அவன் கழுத்தைத் திருப்பினான். போதவில்லை. இன்னும் திருப்பினான். ஒரு கை தூரத்தில் அவள் முகம் கிடைத்ததும் திடுக்கிட்டுப் பின்வாங்கினான்.

"எப்ப வந்த?"

"நீ உள்ள வரும்போதே இங்கதான் நின்னுட்டிருக்கேன்" என்றாள் அவள்.