வலது கையின் ரிப்போர்ட்

யுகேந்திரனின் வலது கை செத்துக் கிடந்த அந்த இரண்டு மாதங்கள்தான் ரூபினியின் ஒன்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் நல்ல காலம் என்று சொன்னால் என்னை அடிக்க வருவீர்கள். வாருங்கள். அடி வாங்கியவளுக்குத்தான் அது தெரியும்.

அது லேசுப்பட்ட கை இல்லை. மலேசியாவின் பட்டர்வொர்த் துறைமுகத்தில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டிய கை. ரூபினியின் முன்பல் ஒன்றை எடுத்த கை, இடது காதின் ஜவ்வைக் கிழித்த கை. குழம்பில் உப்பு கூடினாலும் அந்தக் கைதான் பேசும், குதிரைப் பந்தயத்தில் தோற்று வந்தாலும் அந்தக் கைதான் பேசும். புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் அம்மா வீட்டுக்கு இரண்டு முறை ஓடிப் போனாள். இரண்டு முறையும் அதே கை தலைமுடியைச் சுற்றிப் பிடித்துக் காரில் ஏற்றிக் கூட்டி வந்தது. சுங்கை பினாங் அடுக்குமாடியில் சுவர்கள் மெல்லிசு. அவள் அலறுவது மாடி முழுக்கக் கேட்கும். பக்கத்து வீட்டுப் பிச்சைமுத்து ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைப்பார். அவரால் முடிந்த தர்மம் அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யுகேந்திரன் அவளை நான்காவது மாடி நடைபாதைக்கு இழுத்து வந்து, இடுப்பளவுக் கைப்பிடிச் சுவரில் நெற்றியை மோதினான். ஒரு தடவை. இரண்டு தடவை. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. பிடியை விட்டுப் பின்னால் போய், மூன்றாவது அடிக்கு அவன் பாய்ந்து வந்தபோது அவள் குனிந்துவிட்டாள். வந்த வேகத்துக்கு ஆள் சுவரைத் தாண்டிப் போய்விட்டான்.

அந்த நேரத்தில் நீங்களோ நானோ என்ன செய்திருப்போமோ தெரியாது. அவள் எட்டி அவனுடைய வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். எண்பது கிலோ உடம்பும் அந்த ஒற்றைக் கையில் வெடுக்கென்று தொங்கியது. அவன் போட்ட கூச்சலில் பிச்சைமுத்துவே ரேடியோவை விட்டுவிட்டு ஓடி வந்தார். கீழ்வீட்டுச் சுவருக்கு வெளியே மாட்டியிருந்த ஏசி பெட்டியில் அவன் கால் ஊன்றியதால்தான் இரண்டு பேருமாக மேலே இழுத்துப் போட முடிந்தது.

ஆள் பிழைத்தான், கை பிழைக்கவில்லை. சுண்டு விரல், மோதிர விரல், உள்ளங்கையின் அந்தப் பாதி, முழங்கை வரை உட்பக்கம், எல்லாம் மரத்துப்போயின. விரல்கள் ஒன்றையும் இறுக்கிப் பிடிக்கவில்லை. வலது கண்ணின் இமைகூடப் பாதி இறங்கிவிட்டது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவன் ஒரே கதையைத்தான் சொன்னான்: “பொண்டாட்டி தள்ளி விட்டுட்டா லா.” ரூபினி மறுத்துப் பேசவில்லை. ஏன்தான் பிடித்தோமோ என்று தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

உதைகள் நிற்கவில்லை. ஆனால் உதைக்கு அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். கதவைச் சாத்தித் தப்ப முடியாதது ஒன்றே ஒன்றுதான். சனிக்கிழமைதோறும் அவன் தன் சுண்டு விரலில் சிகரெட்டை வைத்து அழுத்திப் பார்ப்பான். தோல் கருகி நாற்றம் வரும். அவனுக்கு ஒன்றும் தெரியாது. உடனே அவளைச் சுவரோடு முட்டியால் நசுக்கி, அதே சிகரெட்டை அவள் முழங்கையில் வைப்பான்.

“உனக்கு மட்டும் வலிக்குது பாத்தியா? கை வரட்டும்டி. மொத வேல உனக்குத்தான். இந்தத் தடவ உசுரோட விடமாட்டேன்.”

சும்மா மிரட்டுகிற ஆளில்லை அவன். அதனால் ரூபினி தினமும் காலையில் மைலோ கலக்கிக் கொடுக்கும்போது அந்த விரல்களைத்தான் பார்ப்பாள். அவை அசைந்தால் தன் கதை முடிந்தது என்று அவளுக்குத் தெரியும். ஒருவனின் கை விளங்காமல் போகட்டும் என்று சாமி கும்பிட்டவளை நல்லவள் என்பீர்களோ கெட்டவள் என்பீர்களோ, அது உங்கள் பாடு.

இந்த நிலையில்தான் ஆஸ்பத்திரியில் நரம்புக்கும் தசைக்கும் கரண்ட் வைத்துப் பார்க்கும் டெஸ்டுக்கு நாள் கொடுத்தார்கள். கை வருமா வராதா என்று அதில் தெரிந்துவிடுமாம்.

மெஷின் அறையில் டெஸ்ட் எடுக்கும் மர்ஜானா அவனுடைய சுண்டு விரலில் இரண்டு கம்பி வளையங்களை மாட்டி, மணிக்கட்டில் ஒரு பட்டையை ஒட்டினாள். “அண்ணே, சுள்ளுனு கரண்ட் அடிக்கும். பயப்படாதீங்க.”

அடித்தது. யுகேந்திரன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. விரலுக்குக் கரண்ட் போனதே அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் திரையில் ஒரு அலை எழும்பி இறங்கியது.

“என்னா காட்டுது?”

“டாக்டர்தான் சொல்லணும் அண்ணே.”

“சும்மா சொல்லு லா, தங்கச்சி.”

“இந்த உணர்ச்சி நரம்பு நார்மலாத்தான் வருது. ஆனா இது மட்டும் வச்சு...”

மிச்சத்தைக் கேட்க அவனுக்கு எங்கே பொறுமை? நார்மல் என்ற சொல்லே போதுமாக இருந்தது. அடுத்து விரலை அசைக்கும் நரம்பில் கரண்ட் வைத்தபோது கோடு எழும்பவே இல்லை. மர்ஜானா பட்டையைப் பிரித்து மறுபடி ஒட்டிப் பார்த்தாள்; அப்போதும் எழும்பவில்லை. அதையும் அவன் கவனிக்கவில்லை.

டாக்டரைப் பார்க்கக் காத்திருந்த நாற்காலியில், வருவோர் போவோரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, ரூபினியின் தொடையை நகம் பதியக் கிள்ளித் திருகினான். “கேட்டியா? நார்மலாம். நாள எண்ணிக்க.”

மெஷின் பொய் சொல்லாது என்று ரூபினியும் நம்பினாள். கை திரும்பி வரப் போகிறது. இன்றைக்கு வீட்டுக்குப் போவதா, அப்படியே பஸ் ஏறிவிடுவதா? போனாலும் தேடி வருவானே.

டாக்டர் ஹைதர் ஊசி வைத்துத் தசைகளைப் பார்த்தார். கையில் குத்தினார், பின்கழுத்தில் குத்தினார். இறங்கிய இமையை விரலால் தூக்கிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து நேராகவே பேசினார்.

“மிஸ்டர் யுகேந்திரன், உணர்ச்சி நரம்பு நார்மல்னு வந்திருக்கு. சந்தோஷப்படாதீங்க. உங்க கேஸ்ல அதுதான் மோசமான செய்தி.”

“நார்மல்னா எப்படி டாக்டர் மோசம்?”

“கையில போற நரம்பு அறுந்திருந்தா இந்த டெஸ்ட்ல அலையே வந்திருக்காது. ஆனா அறுந்தது கொஞ்சங் கொஞ்சமா வளர வாய்ப்பு உண்டு. உங்களுக்கு விரல்ல உணர்ச்சியே இல்ல, அலை மட்டும் அழகா வருது. அப்படின்னா உணர்ச்சி நரம்பு கையில நல்லா இருக்கு, கழுத்துல முதுகுத்தண்டுலேருந்து வேரோட பிடுங்கிக்கிச்சுன்னு அர்த்தம். போன்ல சார்ஜ் ஃபுல்லா இருக்கு, லைன் இல்ல. அசைக்கிற நரம்புல அலையே இல்லாததும், இறங்கின இமையும், ஊசி டெஸ்டும் அதத்தான் காட்டுது. ஸ்கேன் எடுத்து உறுதி பண்ணுவோம். ஆனா அந்த விரலுங்க பழையபடி பிடிக்காது.”

“எத்தன மாசத்துல வரும்?”

“வராது.”

ரூபினிக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாத சந்தோஷம். வாயைப் பொத்திக்கொண்டும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது.

நாற்காலி சரிந்து விழுந்தது. யுகேந்திரன் எழுந்த வேகத்தில் இடது கையால் அவள் வாயில் ஓங்கி ஒரு குத்து விட்டான். உதடு கிழிந்து மேசையில் இருந்த ரிப்போர்ட்டின் மேல் ரத்தம் தெறித்தது. தலைமுடியைப் பிடித்து மேசை விளிம்பில் மோதினான். “உன்னாலதாண்டி! நீ என் கையப் பிடிச்சுத் தொலைச்சதாலதான்! விட்டுருந்தா செத்தாவது போயிருப்பேன்!”

டாக்டர் அவன் இடுப்பைக் கட்டி இழுத்தார். சத்தம் கேட்டு ஓடி வந்த மர்ஜானா காவலர்களைக் கூப்பிட்டாள். இரண்டு பேர் வந்து அவனைத் தரையில் அழுத்திப் பிடித்தார்கள்.

டாக்டர் மூச்சு வாங்கிக்கொண்டு அவனைப் பார்த்தார். “பொண்டாட்டி தள்ளி விட்டதா எங்கிட்ட சொன்னீங்களே?”

அவன் காவலர்களின் பிடியிலிருந்து திமிறிக்கொண்டிருந்தான்.

ரூபினி நாற்காலியைப் பிடித்து எழுந்தாள். ஒன்பது வருடத்தில் வெளியாள் ஒருவர்கூட நேரில் பார்க்காததை இன்றைக்கு நான்கு பேர் பார்த்துவிட்டார்கள். அதில் ஒருவர் கையில் பேனா இருந்தது. வாயில் இருந்த ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“டாக்டர், இதையும் எழுதிக்குங்க. இடது கை நார்மல்.”

ஹைதர் மர்ஜானாவிடம் போலீஸைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, ரத்தம் படாத ஒரு புதுத் தாளை எடுத்து, அவளுடைய முழுப் பெயரைக் கேட்டார்.