மூன்றாவது பெயரின் இடத்தில் மௌனம்

க்விண்டெல்லா குழுவின் முதல் கச்சேரிச் சுற்றுப்பயணம் சியோலில் தொடங்கிய சனிக்கிழமை மாலை, சுன்ச்சோனில் அம்மாவின் தக்கல்பி கடையில் கோழிக்கறி புரட்டிக்கொண்டிருந்த தக் சேபோம் நின்ற இடத்திலிருந்து மறைந்து, ஒரு பாட்டு நேரம் சியோல் மேடையில் ஆடிவிட்டு, கடைக்குத் திரும்பி வந்தாள். அதற்குள் ஜன்னலோர மேசைக்காரர்களின் சட்டியில் கறி மீதியோடு கடைசியாகப் புரட்டப் போட்ட சோறு அடிப்பிடித்துவிட்டது. அந்தச் சோற்றுக்குக் காசு வாங்கலாமா கூடாதா என்பதைத் தவிர அன்று கடையில் வேறு விவாதம் எதுவும் நடக்கவில்லை.

சேபோம் அந்தக் குழுவில் மூன்றாமவளாக இருந்தவள். பன்னிரண்டு வயதில் சியோலுக்குப் போய், நிறுவனத்தின் அடித்தள அறையில் ஆடவும் பாடவும் வெறும் வயிற்றோடு சிரிக்கவும் எட்டு வருடம் பழகி, அதற்கப்புறம்தான் மேடையைக் கண்ணால் பார்த்தாள். ஐந்து பெண்கள் என்பதால் ஐந்து என்று பொருள்வரும் பெயரை நிறுவனத் தலைவர் பியோ சாங்-மான் தேர்ந்தெடுத்தார். எந்த நாட்டு வார்த்தை என்று கேட்ட நிருபரிடம் உலக வார்த்தை என்று சொல்லி வாயை அடைத்தார். சுற்றுப்பயணத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு குழு ஒரு கோழி உணவகத் தொடருக்கு விளம்பர முகமானது. அந்த வாரமே நேரலையில் ஒரு ரசிகை, சியோலில் எந்தக் கடை தக்கல்பி நல்லா இருக்கும் என்று கேட்டாள். சியோலில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது, அம்மா கடைக்கு வாங்க என்று சேபோம் பதில் சொன்னாள். அவள் செய்த குற்றம் இவ்வளவுதான். மறுநாள் தன் கைப்பட ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினாள், கோழிகளிடமா கடைக்காரர்களிடமா என்று விளங்காத கடிதம். அதற்கும் மறுநாள், உடல்நலக் காரணங்களுக்காக அவள் விலகுவதாக நிறுவனம் அறிவித்தது. சுன்ச்சோனில் ரயிலிலிருந்து இறங்கிய கையோடு மூன்று ஆள் சாப்பாட்டைத் தனியாளாக முடித்த அந்த நோயாளியை ஊரே நின்று பார்த்தது. எங்களுக்கும் இப்படி ஒரு வியாதி வரக்கூடாதா என்று பலர் ஏங்கினார்கள்.

ஐந்து என்ற பெயரில் நாலு பேர் ஆடுவது தலைவருக்கு ஒரு பிரச்சினையாகவே படவில்லை. ஐந்தாவது ஆள் ரசிகர்களாகிய நீங்கள்தான் என்று கண்கலங்க அறிவித்தார். பிரச்சினை முன்னிசையில் வந்தது. பாட்டு தொடங்குமுன் வயது வரிசைப்படி பெயர்களைக் கூவுவது ரசிகர்களின் வேலை. எந்தத் தாளத்தில் எதைக் கூவ வேண்டும் என்று நிறுவனமே முன்கூட்டி வெளியிடும். அதைப் பாடப் புத்தகத்தைத் தொடாத பிள்ளைகளும் தூக்கத்தில் ஒப்பிப்பார்கள். யுன்சுல், தாஹ்யே, சேபோம், ரோயி, பியோல் என்று ஐந்து பெயருக்கு இடம் விட்டுச் செய்த இசை அது. நடுப்பெயரை எடுத்ததும் நடுவில் பொத்தல் விழுந்தது. இசையமைப்பாளரைக் கூப்பிட்டுச் சரிசெய்யலாம் என்றால், அவர் வேறொரு நிறுவனத்தின் ஏழு பெண்களுக்கு இசை தைத்துக்கொண்டிருந்தார். ஆகவே புதிய அறிவிப்பில் மூன்றாவது பெயர் இருந்த இடத்தில், இங்கே அமைதி காக்கவும் என்று போட்டுவிட்டார்கள். சேபோமை நேசித்த ரசிகர்கள் அதைத் தங்கள் எதிர்ப்பாக எடுத்துக்கொண்டு அமைதி காத்தார்கள். மற்றவர்கள் போட்டிருந்தபடியே அமைதி காத்தார்கள். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு நாளில் விமானங்களையே நிறுத்திவைக்கும் நாட்டில்கூட, பதினைந்தாயிரம் பேர் ஒரே சமயத்தில் வாயை மூடிய அப்படி ஓர் அமைதியை யாரும் கேட்டதில்லை. அந்த அமைதிதான் சேபோமை இழுத்துக்கொண்டது.

சிவப்பு ஏப்ரனோடு, ஒரு கையில் தட்டைக் கரண்டியும் மறு கையில் கறி வெட்டும் கத்தரிக்கோலுமாக, மேடையில் தன்னுடைய பழைய இடத்தில் வந்து நின்றாள். பழகிய கால்கள் யாரையும் கேட்காமல் ஆட ஆரம்பித்தன. அவளிடம் மைக் இல்லை, வாயசைக்கப் பதிவு செய்த குரலும் இல்லை. அதனால் அந்த மேடையில் உண்மையாகப் பாடியது அவள் ஒருத்திதான் என்று முன்வரிசைக்காரர்கள் பிற்பாடு சொன்னார்கள். பாட்டு முடிந்ததும் தலைமுடியில் மேடைப் புகை வாசத்தோடு கடைக்குத் திரும்பினாள். அவள் அம்மா யோங்-ஒக் கருகிய சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"எங்கடி தொலஞ்ச?"

"சியோலுக்கும்மா."

"போறவ அடுப்ப அணைச்சிட்டுப் போகக் கூடாதா?"

"சொல்லிட்டா இழுக்கறாங்க?" என்றவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "என் பேரு வர்ற இடத்துல எல்லாரும் வாய மூடிக்கிறாங்கம்மா. மௌன அஞ்சலி மாதிரி. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

விலக்கியதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். அந்த மௌனத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஒரே ஒரு முறை, தன் தாளத்தில், தன் பெயரைக் கூப்பிட்டுக் கேட்டுவிட வேண்டும் என்ற ஆசை அன்றைக்கு அவளுக்குள் உட்கார்ந்தது. அது நியாயமான ஆசை என்று அம்மாவும் நினைத்தார், ஆனால் சட்டியைச் சுரண்டுவதை நிறுத்தவில்லை.

அடுத்து பூசான். இந்த முறை மகளின் ஏப்ரன் கயிற்றை எரிவாயுக் குழாயில் முடிச்சுப் போட்டார் அம்மா. அது போதாதென்று மணிக்கட்டையும் இறுகப் பிடித்துக்கொண்டார். கயிறு குழாயோடு தங்கிவிட்டது. அம்மா மகளோடு போய்விட்டார். ரப்பர் கையுறையோடு பூசான் மேடையில் நின்ற யோங்-ஒக், வந்த இடத்தில் சும்மா நிற்பானேன் என்று இரண்டு முறை குனிந்து வணங்கினார். பத்திரிகைகள் மறுநாள் அதைத் தலைமுறைகளின் சங்கமம் என்று எழுதின. அதோடு அம்மா முயற்சியைக் கைவிட்டு, கச்சேரி நாட்களின் பட்டியலைக் கடைக் கதவில் ஒட்டினார். கடைசியாகச் சோறு புரட்டிச் சாப்பிட விரும்புகிறவர்கள் முன்னமே வந்துவிட வேண்டும் என்று கீழே எழுதினார். ஊர்க்காரர்கள் அதற்குத் தகுந்தபடி பசிக்கப் பழகிக்கொண்டார்கள்.

ஒசாகா கச்சேரிக்குப் பிறகு குடியேற்ற அலுவலகத்திலிருந்து ஆள் வந்தார். முத்திரை இல்லாமல் நாட்டைவிட்டு எப்படி வெளியேறினீர்கள் என்று அவர் கேட்டதற்கு, வழியில் அதிகாரி யாரும் இல்லை, வரிசையும் இல்லை, இருந்திருந்தால் நின்றிருப்பேன் என்று சேபோம் பணிவாகச் சொன்னாள். யோசித்துப் பார்த்த அலுவலகம், இனி பாஸ்போர்ட்டை ஏப்ரன் பையில் வைத்துக்கொள்ளும்படி அறிவுரை தந்தது. மிளகாய் விழுது படிந்த பாஸ்போர்ட் அவளுடையது மட்டும்தான். பாங்காக்கில் வேறொன்று நடந்தது. மேல்மாடத்தில் ஒரு கூட்டம் பழைய பழக்கத்தில் வாய் தவறி அவள் பெயரைக் கூவிவிட்டது. அன்றைக்கு அவள் இடுப்பு வரைதான் மேடைக்குப் போனாள். கால்கள் இரண்டும் சுன்ச்சோனிலேயே நின்று ஆடிக்கொண்டிருந்தன. சாப்பிட வந்தவர்கள் அந்தக் கால்களுக்குக் கை தட்டினார்கள். பெயர் சொன்னால் வரமாட்டாள், சொல்லாவிட்டால்தான் வருவாள் என்பது அதிலிருந்து எல்லோருக்கும் விளங்கியது.

நிறுவனம் முதலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது, அனுமதியின்றி மேடையில் தோன்றுவதை உடனே நிறுத்தவும் என்று. பிறகு அந்த இடத்தில் குழுவின் பெயரைக் கூவும்படி ரசிகர்களைக் கேட்டுக்கொண்டது. அவர்கள் மறுத்தார்கள். அவள் இடத்தில் வேறு வார்த்தையை நிரப்புவது துரோகம் என்று இன்னும் பக்தியோடு வாயை மூடினார்கள். போதாததற்கு, உனக்காக எங்கள் மௌனம் என்று ரிப்பன் கட்டிய அரிசி மூட்டைகளைக் கடைக்கு அனுப்பிவைத்தார்கள். அன்புக்கு இவர்களிடம் பஞ்சமில்லை. அவளை ஒரு வார்த்தை கேட்க மட்டும் எவருக்கும் தோன்றவில்லை. கொஞ்ச நாளில் ஏப்ரன் பெண்ணைப் பார்ப்பதற்கென்றே டிக்கெட்டுகள் பறந்தன. தலைவர் பியோவுக்கும் ஞானம் பிறந்தது. சிவப்பு ஏப்ரனும் ரசிகர்கள் கையில் ஆட்டுவதற்குக் கரண்டி வடிவ லைட் ஸ்டிக்கும் விற்பனைக்கு வந்தன. ஒருநாள் பழக்கூடையோடு அவரே சுன்ச்சோனுக்கு வந்து இறங்கினார்.

"பொண்ணுக்கு உடம்பு தேறிடுச்சுன்னு கேள்விப்பட்டேன்" என்று ஆரம்பித்தார்.

"எப்ப சார் கெட்டுப்போச்சு?" என்றார் யோங்-ஒக்.

தலைவர் அதைக் காதில் வாங்காமல் விஷயத்துக்கு வந்தார். சியோலில் நிறைவுக் கச்சேரி. சேபோமை மௌன உறுப்பினர் என்று முறைப்படி அறிவிக்கப்போகிறார். ஜிகினா வைத்த ஏப்ரன் தயார். அவள் வண்டி ஏறக்கூட வேண்டாம்.

"என் பேரக் கூப்பிடுவாங்களா?" என்று கேட்டாள் சேபோம்.

"கூப்பிட்டா நீ எப்படிம்மா வருவ? கொஞ்சம் யோசிச்சுப் பேசு."

"அப்ப கூடைய எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க சார். இந்த டேபிளுக்கு ஆள் காத்துக்கிட்டிருக்காங்க."

அவர் போனார், ஆனால் கவலைப்படவில்லை. இவள் சம்மதித்தால் என்ன, சம்மதிக்காவிட்டால் என்ன, மௌனம் இழுத்துக்கொண்டு வந்துவிடும் என்பது அவர் கணக்கு. அதில் தவறும் இல்லை. அந்த வாரம் குழுவின் மூத்தவள் யுன்சுல், மேலாளரின் போனை வாங்கி ரகசியமாகச் சேபோமைக் கூப்பிட்டாள்.

"ஏன்டி, அந்த ஆள வெரட்டி விட்டுட்டியாமே? எங்க பக்கத்துல நிக்கப் பிடிக்கலையா உனக்கு?"

"பிடிக்கும்க்கா. அதான் கஷ்டமே. கூப்பிடாத வீட்டுக்குப் போயி நிக்கிற மாதிரி இருக்கு. ஒரே ஒரு தடவ என் பேரச் சொல்லச் சொல்லுங்க."

"சொன்னா நீ வரமாட்டடி. அப்புறம் எப்பவுமே வராமப் போயிட்டின்னா?"

சேபோம் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சட்டியைப் புரட்டினாள். பக்கத்து மேசையில் யாரோ முள்ளங்கி ஊறுகாய் கேட்டார்கள்.

"பரவாயில்லக்கா" என்றாள் கடைசியில். "இதுக்கு மேல ஊமையா வந்து நிக்க என்னால முடியாது."

யுன்சுல் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. போனை வைத்துவிட்டு அழுதாள் என்று மேலாளர் பிற்பாடு ஊரெல்லாம் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து நாலு பெண்களும் எந்த நேரலையில் வந்தாலும் பேச்சுக்கு நடுவே ஐந்து விரலையும் விரித்து, நடுவிரலைத் தொட்டுக் காட்டி, வாயைத் திறந்து மூடினார்கள். தலைவர் அதைப் புதிய நடன அசைவு என்று நினைத்துப் பாராட்டினார். ரசிகர்களுக்குப் புரிந்தது. புரிந்ததும் அவர்களுக்குள் பெரிய சண்டை வந்தது. அவளைப் பார்ப்பதற்காகவே டிக்கெட் எடுத்தவர்கள் முடியாது என்றார்கள். பார்த்தது போதும், கூப்பிடலாம் என்றார்கள் மற்றவர்கள். கச்சேரி அரங்கின் கதவு திறக்கும் வரைக்கும் அந்தச் சண்டை தீரவில்லை. இது எதுவும் சேபோமின் காதுக்கு எட்டவில்லை.

சியோலில் நடந்ததை முதலில் சொல்லிவிடலாம். முன்னிசை வந்தது, ஒன்று, இரண்டு, மூன்று என்று பெயர்கள் முழங்கின, மேடையில் மூன்றாவது இடத்துக்குப் போட்ட விளக்கு வெறும் தரையில் விழுந்தது. ஜிகினா ஏப்ரனைக் கையில் வைத்துக்கொண்டு தலைவர் பியோ பாட்டு முடியும் வரை ஓரத்தில் நின்றார். சேபோம் உடல்நலக் காரணங்களால் தோன்றவில்லை என்று மறுநாள் அறிக்கை விட்டார்.

சுன்ச்சோனில் அன்று கடை நிரம்பியிருந்தது. கதவோர மேசைக்காரர் போனைச் சோஜு பாட்டிலில் சாய்த்துக் கச்சேரி பார்த்துக்கொண்டிருந்தார். இரைச்சலில் ஒன்றும் கேட்காததால் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். அம்மா முன்கூட்டியே அடுப்புகளை அணைத்திருந்தார். சேபோம் பாஸ்போர்ட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காலை அகட்டி நின்றாள். இழுப்பதற்கு முன் எப்போதும் அவள் பின்கழுத்தில் ஒரு குளிர் அடிக்கும். அன்றும் அடித்தது. சட்டென்று விட்டுவிட்டது. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"என்னடி, போகலையா?" என்றார் அம்மா.

"போகலம்மா."

அவள் முகம் வெளுத்துவிட்டது. தன் இடத்தில் வேறு எதையோ போட்டு அடைத்துவிட்டார்கள், இனி அந்த மௌனமும் தனக்கில்லை என்று நினைத்தாள். வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை என்று பிற்பாடு சொன்னாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கரண்டியைக் கீழே வைத்தார்கள்.

நேரலை என்று பெயர்தானே தவிர, போனுக்கு வந்து சேர எப்போதும் கொஞ்சம் தாமதமாகும். கதவோர மேசையில் இப்போதுதான் முன்னிசை தொடங்கியது. யுன்சுல் என்றார்கள், தாஹ்யே என்றார்கள், பிறகு பதினைந்தாயிரம் பேரும் தொண்டை கிழிய, மற்ற நாலு பெயரையும்விடச் சத்தமாக, சேபோம் என்றார்கள். பாட்டிலில் சாய்த்திருந்த போன் நழுவி விழுந்தது.

கடையில் யார் கூப்பிட்டாலும் குரல் கொடுக்கிற பழக்கத்தில் சேபோம், "இதோ வர்றேன்!" என்று கடை அதிரப் பதில் சொல்லிவிட்டு, எங்கும் போகாமல் நின்று அழுதாள்.